உப்புக்காற்றுக்கு ரிவால்வரா, பிஸ்டலா?

தொண்டிக்காரன்:
தொண்டிப் பக்கம் இறால் பண்ணை. அறுவடை நாளில் கையில் ரொக்கம் புரளும், ராத்திரி ஈசிஆரில் பைக்கில்தான் திரும்ப வேண்டும். கைத்துப்பாக்கி உரிமம் வந்துவிட்டது, வாங்குவதுதான் பாக்கி. .32 ரிவால்வரா, .32 பிஸ்டலா? தினமும் இடுப்பில் இருக்கப்போகிற சாமான். வீட்டில் கைலி, வெளியே பேண்ட். காரணத்தோடு சொல்லுங்கள். எது கெத்து என்ற பேச்சு வேண்டாம்.

வாடைக்காற்று:
ரிவால்வர்தான் தம்பி. முதல் காரணம் தோட்டா. இந்தக் கரையில் துப்பாக்கிக்கு முன்னால் அதுதான் கெடும். தோட்டாவின் அடியில் தீ மூட்டுகிற பிரைமருக்குள் ஈரமோ எண்ணெயோ இறங்கிவிட்டால் ஹேமர் அடிக்கும், வெடிக்காது. ரிவால்வரில் ட்ரிக்கரை இன்னொரு தடவை இழுத்தால் சிலிண்டர் சுற்றி அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலில் தோட்டா அடுக்கிய மேகசினின் அடியைத் தட்டி, மேலே முன்னும் பின்னும் நகருகிற ஸ்லைடைப் பின்னால் இழுத்து விடணும். அதற்கு இன்னொரு கை வேணும்.

அடுத்தது, கடைகளில் கிடைக்கிற .32 பிஸ்டல்களில் நிறைய சிங்கிள் ஆக்‌ஷன். அதாவது ட்ரிக்கர் ஹேமரை ஏற்றாது, முன்னாலேயே ஏற்றி வைக்கணும். சேம்பரில், அதாவது தோட்டா நின்று வெடிக்கிற அறையில், தோட்டா போட்டு, ஹேமரை ஏற்றி, சேஃப்டியை நம்பி இடுப்பில் வைக்கணும். இல்லையென்றால் சேம்பரைக் காலியாக வைத்து, வெளியே எடுக்கும்போது ஸ்லைடை இழுக்கணும். முதலாவதற்கு நல்ல பழக்கம் வேணும், அது இங்கே பத்தில் ஒருத்தருக்குக்கூடக் கிடையாது. இரண்டாவது, பைக் ஹேண்டிலைப் பிடித்திருக்கிறவனுக்கு ஆகிற காரியமா?

நிர்பீக் ரிவால்வரைப் பாருங்கள். கான்பூர் தயாரிப்பு, 2014-இல் வந்தது, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். டைட்டானியம் கலவை உடம்பு, துரு அண்டாது.

சேதுக்கரை:
அண்ணே, துரு அண்டாது என்பதில் பாதிதான் உண்மை. உடம்புக்கு அண்டாது. உள்ளே இருக்கிற ஸ்பிரிங், பின், ஹேமரைப் பிடித்து நிறுத்துகிற சியர் எல்லாம் எஃகு. காரைக்குடி செக்ரி (மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மண்டபத்தில் துருச் சோதனை நிலையம் போட்டிருக்கிற கடற்கரை இது. பாம்பன் பாலத்துக்கு வருஷம் முழுக்கப் பெயின்ட் அடித்தும் என்ன கதி ஆனது என்று எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி துரு வருமா என்பதில்லை, வந்தால் கண்ணில் படுமா என்பதுதான். பிஸ்டலைக் கழற்ற ஒரு நிமிஷம்: மேகசினை எடுக்கணும், சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்க்கணும், ஸ்லைடைக் கழற்றணும். ஸ்லைடும் ஸ்பிரிங்கும் பிரேமும் துணிமேல் வந்துவிடும். வேர்வை எங்கே போய் உட்கார்ந்தது என்று தெரியும், துடைத்து எண்ணெய் தொட்டு மாட்டலாம். ரிவால்வரில் உள்வேலை எல்லாம் மூடிய பெட்டிக்குள். திறக்கத் தெரிந்தவன் திறக்கணும். தெரியாதவன் கைவைத்தால் ஸ்க்ரூ தலை நசுங்கும், ஹேமர் ஸ்பிரிங் தெறித்துப் போகும். அதனால் யாரும் திறப்பதில்லை. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே செம்மண் நிறத்தில் பொடி.

சுடுகிற விஷயத்துக்கு வருவோம். டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர் ட்ரிக்கர் ஹேமரையும் தானே ஏற்றணும், அதனால் நாலரை, ஐந்து கிலோ இழுவை கேட்கும். எடை குறைந்த துப்பாக்கியில் அந்த இழுவைக்கு முனை ஆடும். பத்தடி தூரத்திலேயே ஒரு சாண் விலகும். சிங்கிள் ஆக்‌ஷன் பிஸ்டலில் அதில் பாதி இழுவைதான்.

வாடைக்காற்று:
கழற்ற முடியும், சரி. யார் கழற்றுகிறார்கள்? மாசத்துக்கு ஒரு தடவை கழற்றுகிறவனை எனக்குக் காட்டு. வாங்கி பீரோவில் வைத்து, அறுவடைக்கு மட்டும் எடுக்கிற கூட்டம் இது. அப்படிக் கிடக்கிற பிஸ்டலில் எண்ணெய் பசையாகி, அதில் சட்டைப் பஞ்சும் மணலும் ஒட்டி, ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகாது. வெற்றுக் கூடு வெளியே விழாமல் வாயிலில் நட்டுக்கிட்டு நிற்கும். பிடி தளர்வாக இருந்தாலும் இதே கோளாறு. ரிவால்வருக்கு அந்தக் கவலை இல்லை, அதைச் சுற்றுவது விரல்.

ஸ்லைடையும் சொல்கிறேன். இந்த .32 பிஸ்டல்கள் புளோபேக் வகை. பூட்டு இல்லை, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் தடுத்து நிற்கும். அதனால் ஸ்பிரிங் முரடாக இருக்கும். வேர்த்த கையில் இழுத்துப் பாருங்கள். பெண்கள் பெயரில் உரிமம் எடுக்கிற வீடுகளில் இதை யாரும் யோசிப்பதே இல்லை.

உப்பளம்:
இரண்டு பேரும் தோட்டாவைப் பாதியில் விட்டுவிட்டீர்கள்.

.32 ஏசிபி, பிஸ்டலுக்கானது: 71 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு, நொடிக்கு 270 மீட்டர் பக்கம். .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், ரிவால்வருக்கானது: 98 கிரெயின், 230 பக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டின் ஆற்றலும் 170 ஜூல் சுமார். குட்டைப் பேரலில் இன்னும் குறையும். ஆகவே பலத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க இதில் ஒன்றும் இல்லை. பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர் சேம்பருக்குள் நுழைந்து உட்காரும். போடாதீர்கள், அதன் அழுத்தம் அதிகம்.

ஏசிபி தோட்டாவின் அடிவிளிம்பு உடம்பைவிட ஒரு மயிரிழை அகலம். மேகசினில் நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் மேல் தோட்டா நகராது. மேகசினைக் கழற்றி முழுக்கக் காலி செய்துதான் தீர்க்க முடியும். நீளம் குறைந்த குழிமுனைத் தோட்டாவில் இது அதிகம், முழு உறையிட்ட உருண்டை முனையில் குறைவு.

இன்னொன்று, தினமும் காலையில் சேம்பரில் ஏற்றி ராத்திரி இறக்குகிறவர்களுக்கு. அதே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் குண்டு கூட்டுக்குள் அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நீளம் குறைந்திருந்தால் அதைத் தனியே ஒதுக்குங்கள்.

கடைசியாக அம்மோனியா. மீன் வாடி, ஐஸ் பிளான்ட் பக்கம் போய்வருகிறவர்களுக்கு இது முக்கியம். பித்தளைக் கூட்டுக்கு அம்மோனியா ஆகாது. வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்கள் தானாக வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் என்பது 1921 வாக்கில்தான் தெளிவானது. கூட்டின் கழுத்தில், குண்டைக் கவ்வியிருக்கிற இடத்தில், நீளவாக்கில் தலைமயிர் போலக் கோடு ஓடும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். அப்படி இருந்தால் ரிவால்வரும் காப்பாற்றாது. தோட்டாவை மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தோட்டாமேல் எண்ணெய் தடவுகிற பழக்கத்தை விடுங்கள், பிரைமர் சாவது அதனால்தான்.

புதுமடம்_பையன்:
9 எம்எம் வாங்கினால் இந்தப் பஞ்சாயத்தே இல்லையே?

உப்பளம்:
9 எம்எம் தடைசெய்யப்பட்ட போர் (குழல் அளவு). சாதாரண உரிமத்தில் வராது. அடுத்த கேள்வி.

சேதுக்கரை:
ரிவால்வர் கெடாது என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் பார்ப்போம். வெற்றுக் கூடுகளை வெளியே தள்ளுகிற எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் ஒரு மணல், எரியாத மருந்துத் துகள் போதும், சிலிண்டர் மூடாது, மூடினாலும் இறுகிச் சுற்றும். ஒரு பிரைமர் கொஞ்சம் தூக்கி நின்றாலும் அதே கதை. பிஸ்டலின் தடங்கலை ரோட்டிலேயே நீக்கலாம். ரிவால்வர் இறுகினால் அந்த ராத்திரிக்கு அவ்வளவுதான்.

தடிமனும் இருக்கு. சிலிண்டர் 30 மில்லிமீட்டருக்கு மேல், சட்டைக்கு வெளியே துருத்தும். சின்ன பிஸ்டல் ஒரு அங்குலம் அளவில் தட்டையாகக் கிடக்கும். தினமும் மாட்டுகிறவனுக்கு அதுதான் பெரிய விஷயம். உறுத்தினால் பத்து நாளில் பீரோவுக்குள் போய்விடும்.

தொண்டிக்காரன்:
கைலிக்கு என்ன செய்ய? பச்சை பெல்ட் போதுமா?

வாடைக்காற்று:
பச்சை பெல்ட் ரூபாய் நோட்டுக்கும் பீடிக்கட்டுக்கும். அந்தப் பையில் ட்ரிக்கருக்கு மறைப்பே இல்லை. சாவி, பட்டன் எது நுழைந்தாலும் இழுக்கும். கைலியில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். பேண்டில் ஒன்றரை அங்குல விறைப்பான பெல்ட்டும் ட்ரிக்கரை முழுக்க மூடுகிற உறையும் வேணும். 2016 ஆயுத விதிப்படியும் பொது இடத்தில் உறைக்குள்தான் இருக்கணும்.

சேதுக்கரை:
இதில் அண்ணன் சொல்வதுதான் சரி. தோல் உறை மட்டும் வேண்டாம். வேர்வை உப்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க எஃகுக்கு ஊட்டும். கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் உறை வாங்கி நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். எந்த உறையானாலும் வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை வெளியே எடுத்துவிடணும். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், காறிப்போய்ப் பிசுபிசுக்கும். மெல்லிய துப்பாக்கி எண்ணெய், விரல் தடம் தெரியாத அளவுக்கு ஒரு தடவல்.

உப்பளம்:
தொண்டிக்காரன், கடையில் எடுக்கும்போது இதைப் பாருங்கள். ரிவால்வர் என்றால் காலியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு ட்ரிக்கரை மெதுவாக இழுத்துப் பிடித்தபடியே சிலிண்டரை ஆட்டணும். லேசான அசைவு இருக்கலாம், தடதடவென்று ஆடக் கூடாது. ஆறு அறையிலும் இதைச் செய்யணும். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய கோடுபோல இடைவெளி தெரியும், 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை சரி. பழைய மாடலில் ஹேமர் தடுப்பு இல்லையென்றால் ஹேமருக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டு ஐந்துதான் நிரப்பணும். நிர்பீக் நடுவில் ஒடித்துத் திறப்பது. பக்கவாட்டில் திறப்பது வேண்டுமென்றால் 2023-இல் வந்த பிரபல் இருக்கு, ஆனால் 675 கிராம்.

பிஸ்டல் என்றால் மேகசின் இரண்டாக வாங்குங்கள், தோட்டாவைப் பிடித்து நிறுத்துகிற அதன் மேல் உதடு வளைந்திருக்கிறதா பாருங்கள். பிஸ்டல் கோளாறுகளில் பெரும்பங்கு மேகசின்தான்.

வாடைக்காற்று:
மாசம் ஒரு தடவை கழற்றித் துடைப்பேன், வருஷம் ஒரு பெட்டி ரேஞ்சில் சுடுவேன் என்றால் சேதுக்கரை சொல்கிற பிஸ்டலை வாங்கு. இரண்டும் நடக்காது என்று உனக்கே தெரிந்தால் என் பேச்சைக் கேள்.

சேதுக்கரை:
துடைக்க நேரமில்லாதவன் துப்பாக்கியே வாங்கக் கூடாது அண்ணே. ரிவால்வர் வாங்கு என்று அவனிடம் சொல்வது அவன் சோம்பலுக்குச் சலுகை கொடுக்கிற மாதிரி.

தொண்டிக்காரன்:
தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்களே, அப்போது?

உப்பளம்:
தோட்டாவைத் தனியாகக் கட்டி, துப்பாக்கியை உறையில்லாமல், கெட்டியான கிரீஸ் தடவி எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொடுங்கள். பேரலுக்குள்ளும் தடவணும். ரசீதில் சீரியல் நம்பர் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். திரும்ப வாங்கியதும் சுடுவதற்கு முன்னால் பேரல் கிரீஸை முழுக்கத் துடைத்து எடுக்கணும். இல்லாவிட்டால் அழுத்தம் ஏறிப் பேரல் வீங்கும்.