பூனையின் தோலுக்கடியில் கட்டி: கைக்குத் தட்டுப்பட்டவர்கள் எழுதுங்கள்

சின்னியின் அம்மா, அம்பத்தூர்

பூனைக்குக் கட்டி என்று சொன்னால் முதலில் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: “விடுங்க, தானா கரைஞ்சிடும்.” சில கட்டிகள் கரையும், உண்மைதான். எது கரையும், எது கரையாது என்பதைத் தடவிப் பார்த்தே சொல்லிவிட முடியாது என்பதற்காகத்தான் இதைத் தொடங்குகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். இன்றைக்குப் புதிதாகக் கட்டியைப் பார்த்துப் பயந்து போயிருக்கிற யாருக்காவது உதவும்.

சின்னி எங்களிடம் வந்தபோதே நாலு வயது இருக்கும் என்றார் டாக்டர். தெருவில் இரண்டு மூன்று ஈத்து குட்டி போட்டவள். வந்த கையோடு கருத்தடை ஆபரேஷன் செய்தோம். இப்போது அவளுக்குப் பதினொன்று. போன வருடம் வயிற்றுப் பக்கம் சீவிவிடும்போது வலப்புறம் கடைசிக் காம்பையொட்டி விரலில் ஏதோ இடறியது. கெட்டியாக இருந்தது. அமுக்கினால் வலித்த மாதிரியே தெரியவில்லை. சாப்பாடு, தூக்கம், ஜன்னலில் உட்கார்ந்து புறாவைப் பார்த்துப் பல்லைக் கடிப்பது எதிலும் மாற்றமில்லை. வலிக்கவில்லையே, நன்றாகச் சாப்பிடுகிறாளே என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு அந்த இடம்தான் பயமாக இருந்தது.

டாக்டர் அளவுகோல் வைத்து அளந்தார்: 1.4 சென்டிமீட்டர். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நாய்க்கு மார்பில் வருகிற கட்டிகளில் ஏறத்தாழ பாதி சாதாரணக் கட்டியாக இருக்கும். பூனைக்கு அப்படியில்லை. பத்தில் எட்டு ஒன்பது புற்றுநோய். 2 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும்போதே எடுத்துவிட்டால் மூன்று வருடம், அதற்கு மேலும் வாழ்கிற பூனைகள் நிறைய உண்டு. 3 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் மாதக் கணக்குதான். “கொஞ்ச நாள் பார்ப்போம்” என்ற பேச்சு இந்த இடத்துக்கு மட்டும் கூடாது என்றார்.

முதலில் நெஞ்சு எக்ஸ்ரே. நுரையீரலுக்குப் போயிருந்தால் அறுவையில் பயனில்லை. போகவில்லை. பிறகு கட்டியை மட்டும் நோண்டி எடுக்காமல் வலப்பக்கப் பால்சுரப்பி வரிசை முழுவதையும், தொடையிடுக்கு நிணநீர்க் கணுவோடு சேர்த்து எடுத்தார்கள். பூனைக்கு ஒரு பக்கத்துச் சுரப்பிகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் ஒன்றை மட்டும் எடுத்தால் பக்கத்தில் மறுபடி வருமாம். எடுத்த சதை பயாப்சிக்குப் போனது. புற்றுதான். ஆனால் வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை.

அக்குளிலிருந்து தொடை வரை தையல். கூம்பு காலரை ஒரு மணி நேரம்கூட வைத்திருக்க மாட்டேன் என்றாள். என் கணவரின் பழைய பனியனில் காலுக்கு நான்கு ஓட்டை போட்டு முதுகில் முடிச்சுப் போட்டோம். அதை மாட்டியதும் முன்னால் நடக்காமல் பின்னாலேயே நடந்து சுவரில் முட்டினாள். இரண்டாம் நாள் பழகிவிட்டது. இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கிறோம். நன்றாக இருக்கிறாள்.

பெட்டைக் குட்டி வைத்திருப்பவர்களுக்கு: ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்தால் இந்தப் புற்று வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைகிறது. ஒரு வயதுக்குள் என்றால் 86. இரண்டு வயதைத் தாண்டிச் செய்தால் இந்த விஷயத்தில் கிட்டத்தட்ட பலனே இல்லை. “ஒரு தடவை குட்டி போடட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்பவர்களிடம் தயவுசெய்து இந்த எண்களைச் சொல்லுங்கள். ஹீட்டை (இணை சேரும் பருவத்தை) நிறுத்த ஹார்மோன் ஊசி, மாத்திரை என்று சிலர் கொடுக்கிறார்கள். அது இந்த ஆபத்தைக் கூட்டும்.

செலவு பெரிது, மறைக்கவில்லை. சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் விசாரியுங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் கட்டணம் குறைவு.

கருப்பன் வீட்டார், உறையூர்

அக்கா, சின்னி நல்லா இருக்கான்னு கேட்டதே சந்தோஷம். எங்க கதை வேற மாதிரி.

கருப்பன் கடுவன். ராத்திரி ஓட்டு மேல சண்டைச் சத்தம் கேட்டா அதுல ஒரு குரல் அவனோடதுதான். ஒரு நாள் காலைல வந்து கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்தவன் வெளிய வரவே இல்ல. மீன் வச்சும் மோந்து பாக்கல. இழுத்துப் பாத்தா இடது கன்னம் வீங்கி, தொட்டா கொதிக்குது. முந்தின நாள் அது இல்லவே இல்ல. எங்க மாமியார் மஞ்சள் அரைச்சுப் பத்துப் போடலாம்னாங்க. பூனை நக்கிடும், கன்னத்துல போட்டா கண்ணுக்கும் போயிரும்னு நான் சம்மதிக்கல.

டாக்டர் காய்ச்சல் பாத்தார், 104 இருந்துச்சு. பூனைக்கு 102.5 வரைக்கும் சரியாம். மெஷின் வச்சு முடிய வழிச்சதும்தான் விஷயமே தெரிஞ்சுது. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சின்னப் பொருக்கு. இன்னொரு பூனையோட கோரைப்பல் இறங்கின இடம். அந்தப் பல் மெலிசு, ஆழமாப் போகும். மேல இருக்கிற ஓட்டை சீக்கிரமே மூடிக்கும். வாயில இருந்த கிருமி உள்ளயே மாட்டிக்கிட்டு ரெண்டு நாள்லருந்து அஞ்சு நாளுக்குள்ள சீழ்க்கட்டி ஆயிடும். வெளிய போய் வர்ற பூனைக்கு ஒரே ராத்திரில வீக்கம் வந்தா முதல்ல இதைத்தான் நினைக்கணும்னார். கன்னம், முன்னங்கால், வால் அடி, இந்த மூணு இடத்துலதான் அதிகம். எதிர்த்து நின்னவனுக்கு முன்னாடி, ஓடினவனுக்குப் பின்னாடி.

கட்டியோட கீழ்ப்பக்கமாப் பாத்துக் கீறினார், சீழ் தானா வடியணும்கறதுக்காக. அந்த நாத்தம் சொல்லி முடியாது, வெளிய வராந்தால இருந்தவங்க எழுந்து போயிட்டாங்க. சலைன் பீச்சிக் கழுவிட்டுத் தையல் போடாமலே விட்டார். மேல தோல் மட்டும் மூடிட்டா உள்ள மறுபடி கட்டுமாம். ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக். வீட்டுலயும் காலைல, ராத்திரி கழுவச் சொன்னார். சீழ் போன அன்னைக்கு சாயங்காலமே தட்டைக் காலி பண்ணிட்டான்.

இன்னொண்ணு. பூனைக்கும் எய்ட்ஸ் மாதிரி ஒரு வைரஸ் இருக்கு, எஃப்.ஐ.வி.ன்னு. கடியிலதான் அதிகமாப் பரவும். மனுஷனுக்கு வராது. கடிச்ச உடனே டெஸ்ட் பண்ணா தெரியாதாம், ரெண்டு மாசம் கழிச்சுப் பண்ணச் சொன்னார். பண்ணோம், இல்ல. அதோட கருத்தடையும் பண்ணியாச்சு. இப்ப சண்டை ரொம்பக் குறைஞ்சிருக்கு.

மிட்டாயின் அப்பா, சிங்கப்பூர்

என்னுடையது சின்னது. மிட்டாயை வளர்ந்த பூனையாகத்தான் தத்தெடுத்தோம். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் அரிசி மணி மாதிரி ஒன்று உருண்டது. என் மகள் அழுதே விட்டாள். டாக்டர் ஸ்கேனரை மேலே காட்டினார், திரையில் 15 இலக்க எண் வந்தது. பூனையை அடையாளம் காணத் தோலுக்கடியில் போடுகிற மைக்ரோசிப்!

இங்கே 2024 செப்டம்பர் 1 முதல் அரசு வீடமைப்பு அடுக்குமாடிகளில் இரண்டு பூனை வரை வளர்க்க அனுமதி வந்தது. உரிமத்துக்குச் சிப் கட்டாயம். அதனால் இந்த “கட்டி” இனி நிறையப் பேர் கையில் தட்டுப்படும். சில பூனைகளுக்கு அது தோள் பக்கம் இறங்கியும் போகுமாம். தத்தெடுப்பவர்கள் முதல் நாளே ஸ்கேன் செய்து, பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

பூஞ்சிட்டு வீடு, சேலம்

எங்களுக்கும் பயம் வீணாகத்தான் போனது. ஆண் குட்டி, வயிற்றில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னப் புடைப்பு. எறும்பு கடித்துவிட்டது என்று நினைத்தோம். காம்புகளாம். ஆண் பூனைக்கும் உண்டு. நெஞ்சுக்கூடு முடிகிற இடத்தில் நடுவே கெட்டியாகத் தட்டுப்படுவதும் எலும்பு நுனிதான் என்று டாக்டர் என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார்.

ராணியின் அக்கா, கிளாங்

மலேசியாவில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

ராணிக்கு மூக்கு மேட்டில் ஒரு முடிச்சு வந்தது. சண்டைக் காயம் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் ஆறவில்லை. உடைந்து புண்ணானது, அடுத்து காது நுனியில் ஒன்று, முன்னங்காலில் ஒன்று. வேறொரு டாக்டர் புண்ணில் கண்ணாடித் துண்டை ஒற்றி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஸ்போரோட்ரிகோசிஸ் என்றார். பூஞ்சை நோய். மண்ணிலும் அழுகிய இலை தழையிலும் இருக்கும். பூனையின் நகத்திலும் ஒட்டிக்கொள்ளும், கீறினால் அடுத்த பூனைக்குப் போகும். நம் நாட்டுப் பூனைகளிடம் இது சகஜம்.

மனிதருக்கும் வரும். அம்மாதான் ராணிக்கு மருந்து போட்டார். அவருடைய விரலில் சிவப்பாக ஒரு கட்டி எழும்பி, பிறகு முன்கையில் மேல்நோக்கி வரிசையாக இன்னும் சில வந்தன. கிளினிக்கில் வண்டுக்கடி என்றுதான் முதலில் பார்த்தார்கள். வீட்டுப் பூனைக்கு இந்த நோய் என்று சொன்ன பிறகே சரியான மருந்து கிடைத்தது. அதனால் பூனை வைத்திருப்பவர்கள் தோலில் கட்டி என்று டாக்டரிடம் போனால் முதல் வாக்கியமாகப் பூனையைப் பற்றிச் சொல்லுங்கள்.

இருவருக்கும் ஒரே மருந்து, இட்ராகொனசோல். அளவுதான் வேறு. ராணிக்குப் பல மாதம் ஓடியது. புண் காய்ந்த பிறகும் குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும். பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும். கையுறை இல்லாமல் தொடவில்லை, தனி அறையில் வைத்தோம். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இந்தப் புண் வந்த பூனைகளைப் பெட்டியில் போட்டுச் சந்தையோரம் விட்டுவிடுகிறார்கள். நெஞ்சு பதறுகிறது. குணமாகிற நோய் இது. விட்டுவிட்டால் அந்தப் பூனையும் சாகும், சந்தையில் இருக்கிற மற்ற பூனைகளுக்கும் வரும்.

வெள்ளச்சி வீடு, கோவை

எல்லாரும் எழுதியதைப் படித்து இன்னும் பயம் அதிகமாகிவிட்டது. வெள்ளச்சிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு மூன்று வாரம் ஆகிறதுங்க. ஊசி போட்ட பிடரிப் பக்கம் ஒரு கட்டி. வலி இல்லை. ஊசிக் கட்டி புற்றாகும் என்று யாரோ சொன்னார்கள். அடுத்த வருடம் ஊசியே போடாமல் விட்டுவிடலாமா?

ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர், தென்காசி

கோவைத் தங்கைக்கு. பயப்படாதேம்மா, ஆனால் அசட்டையாகவும் இருக்காதே.

ஊசி போட்ட இடத்தில் சின்னக் கட்டி வருவது வழக்கம். பெரும்பாலும் சில வாரங்களில் அமுங்கிவிடும். மிக அரிதாக அதே இடத்தில் புற்றுக் கட்டி வரும். 1991 வாக்கில் அமெரிக்காவில் கால்நடை மருத்துவர்கள் இதை முதலில் கவனித்தார்கள். பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் பூனைகளுக்கு ஒன்று என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மருத்துவர்கள் வைத்திருக்கிற விதி மூன்று, இரண்டு, ஒன்று. ஊசி போட்டு 3 மாதம் ஆகியும் கட்டி இருந்தாலோ, 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, 1 மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே போனாலோ சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். மூன்றில் ஒன்று பொருந்தினாலே போதும், காத்திருக்காதே.

அடுத்த முறை பிடரியில் போடாமல் பின்னங்காலில், முட்டிக்குக் கீழே போடச் சொல். காரணம் கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். இந்தப் புற்று வேர் விட்டுப் பரவுகிற வகை. பிடரியில் வந்தால் முழுவதும் எடுப்பது மிகக் கடினம். காலில் வந்தால் காலை எடுத்தாவது உயிரைக் காப்பாற்றலாம். மூன்று காலில் பூனை நன்றாக ஓடும், ஏறும்.

ஊசியை மட்டும் நிறுத்தாதே. நம் நாட்டில் வெறிநோய் இன்னும் இருக்கிறது, வந்தால் பூனைக்கும் மனிதனுக்கும் வைத்தியம் கிடையாது. வலியுள்ள கட்டியை அமுக்கும்போது எந்தச் சாதுவான பூனையும் கடிக்கும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

எல்லோருக்கும் ஒன்று. இத்தனை வருட வேலையில் என்னை அதிகம் வருத்தியது கட்டியால் செத்த பூனைகள் அல்ல. கட்டிக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்த பாராசிட்டமால் கொடுத்து, அதனால் செத்தவை. பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கிற சக்தி கிடையாது. ஒரு மாத்திரை போதும், இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்காமல் போய்விடும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். யாராவது கொடுத்துவிட்டிருந்தால் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். முறிவு மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் போக வேண்டும்.

டாக்டர் கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் மறுக்காதீர்கள். இரத்தம் எடுக்கிற ஊசிதான், பெரும்பாலான பூனைக்கு மயக்கம்கூட வேண்டாம். சீழா, கொழுப்பா, பூஞ்சையா, புற்றா என்று நிறைய நேரம் அதிலேயே ஒரு திசை தெரிந்துவிடும். சில சமயம் செல் போதாமல் பயாப்சி கேட்பார்கள், அதுவும் நியாயமே.

வெள்ளச்சி வீடு, கோவை

ரொம்ப நன்றிங்கய்யா. இன்றைக்கே ஸ்கேல் வைத்து அளந்துவிட்டேன், 1.1 சென்டிமீட்டர். தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு ஞாயிறும் அளக்கிறேன். வளர்ந்தால் அன்றைக்கே கூட்டிப் போகிறேன். சின்னி அக்கா, வெள்ளச்சியின் தங்கைக்கு ஐந்து மாதம் முடியப் போகிறது. கருத்தடைக்கு அடுத்த வாரமே தேதி வாங்கிவிட்டேன்.