சர்க்குக்குத் தமிழ்: ‘பனிக்குடைவு’ சரிவருமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மலைச்சரிவில் பனிக்கட்டி அரித்து உண்டாக்கும் கிண்ணம் போன்ற பள்ளத்தைச் சர்க்கு (cirque) என்கிறார்கள். அதற்குப் ‘பனியரங்கு’ என்று கோலாலம்பூர் ஐயா இங்கே முன்மொழிந்ததைப் படித்து, இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஐயா சொல்லும் காரணம் புரிகிறது. பிரெஞ்சில் ‘சர்க்கு’ என்ற சொல்லுக்கு வட்டமான அரங்கு என்று பொருள். மூன்று பக்கமும் செங்குத்தாகச் சுவர் எழும்பி ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் மலைப்பள்ளம் அரங்கு போலத்தான் தெரியும். ஆனால் அது பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்ட உவமை. ஸ்காட்லாந்தில் அதையே கொப்பரை என்ற பொருள்பட ‘கோரி’ என்கிறார்கள். வேல்ஸ்காரர்களுக்கு அது ‘கூம்’, பள்ளத்தாக்கு. எவரெஸ்டின் மேற்குப் பள்ளத்துக்கு 1921இல் ஜார்ஜ் மாலரி வைத்த பெயரில் இருப்பது இந்த வேல்ஸ் சொல்தான். அவரவர் தங்கள் வீட்டில் இருந்த பொருளை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன்.

‘குடை’ என்ற வினை இருக்கிறது. பாறையைக் குடைந்து கட்டிய கோயிலைக் குடைவரைக் கோயில் என்கிறோம். அந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பனி மலைக்குச் செய்வதும் அதே வேலைதான். சரிவில் ஒரு சின்னப் பள்ளத்தில் பனி தங்குகிறது. வருடக்கணக்கில் சேர்ந்து, தன் பாரத்திலேயே அழுந்தி, கட்டியாகிறது. பின்சுவரின் வெடிப்புகளில் நீர் புகுந்து உறைந்து கல்லைப் பெயர்க்கிறது. பெயர்ந்த கல்லை இழுத்துக்கொண்டு பனிக்கட்டி மெல்லச் சுழன்று நகரும்போது அடித்தளம் தேய்ந்து ஆழமாகிறது. பல்லாயிரம் ஆண்டு கழித்துப் பனி உருகிப் போனால் எஞ்சுவது ஒரு குடைவு. ஆகவே பனிக்குடைவு. வடிவத்தை மட்டும் சொல்லாமல், அதைச் செய்தது யார், எப்படிச் செய்தது என்பதையும் சொல் தன்னுள் வைத்திருக்கிறது.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியமாகப் படுகிறது. சர்க்கு தனிச்சொல் அன்று. மலையின் முதுகுக்கு இரு பக்கமும் இரண்டு குடைவுகள் பின்னோக்கி அரித்துக்கொண்டே வந்தால், நடுவில் கத்தி போல ஒரு சுவர் நிற்கும், அது அரெட்டு. மூன்று நான்கு பக்கமும் குடைந்தால் கூர்ச்சிகரம் மிஞ்சும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் சர்க்கு, அரெட்டு என்று ஒலிபெயர்ப்பாகவே இருப்பதால், ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பது பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை.

போன மாதம் பேரப்பிள்ளைகள் மூன்று பேரைப் பினாங்கு ரோட்டில் ஐஸ் கச்சாங் கடைக்குக் கூட்டிப்போனேன். துருவிய பனிக்கட்டியைக் கிண்ணத்தில் குவித்துத் தரும் இனிப்பு அது. ஒரே கிண்ணம், மூன்று கரண்டி. ஆளுக்கொரு பக்கமாகக் குடைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தின் நடுவே ஒரு கூர்முனை, அதிலிருந்து இறங்கும் மூன்று மெல்லிய சுவர்கள்! “இப்படித்தான்டா கங்கோத்ரியில் சிவலிங்கச் சிகரம் உண்டானது” என்றேன். பெரியவன் உடனே, “அங்கே யார் கரண்டி, தாத்தா?” என்று கேட்டான். பனிதான் கரண்டி என்றதும் அவனுக்கு விளங்கிவிட்டது.

கங்கோத்ரியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. கூர்ச்சிகரத்துக்கு எடுத்துக்காட்டாக ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் (4,478 மீட்டர்) எல்லாப் புத்தகத்திலும் வந்துவிட்டது. கங்கோத்ரிப் பனியாறு சௌகம்பா மலையடியில் (7,138 மீட்டர்) தொடங்கி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓடி, கோமுகத்தில் முடிகிறது. அங்கிருந்துதான் பாகீரதி புறப்படுகிறது. அதன் பக்கத்தில் 6,543 மீட்டர் உயரத்தில் நிற்கிறது சிவலிங்கச் சிகரம். கோமுகத்துப் பக்கமிருந்து பார்த்தால் ஒற்றைக் கூம்பு. வேறு பக்கம் போனால் அதற்கு இரண்டு முனை இருப்பது தெரியும். கோமுகம், சிவலிங்கம் எல்லாம் கண்ணால் கண்டு வைத்த பெயர்கள். நம் முன்னோர் பினாங்குக்கு வந்து, அருவி விழும் மலையைத் தண்ணீர்மலை என்று கூப்பிட்டதும் அப்படித்தானே.

சரி, மற்றச் சொற்கள். அரெட்டுக்கு நான் ‘மலைவரப்பு’ என்பேன். செபராங் பிறை வயல்களில் நடந்தவர்களுக்கு, இரண்டு பள்ளங்களுக்கு நடுவே ஒற்றையடியாகப் போகும் வரப்பு காலுக்கே தெரியும். வரப்பு நாம் மண்ணைக் குவித்துப் போடுவது, அரெட்டு அரித்தபின் மிஞ்சுவது என்று ஈப்போ ஆசிரியை ஆட்சேபிக்கலாம். நியாயம்தான். இருந்தாலும் ‘கத்திமுகடு’ என்றால் கூர்மை மட்டுமே தெரிகிறது. இரு பக்கமும் பள்ளம் இருப்பது தெரியவில்லை.

குடைவில் பிறகு நீர் தேங்கினால் அது குடைவுச்சுனை. இதை யாரும் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கூர்ச்சிகரத்தில்தான் எனக்கு மனவருத்தம். பழந்தமிழில் ‘கோடு’ என்றால் விலங்கின் கொம்பு, யானைத் தந்தம், மலை உச்சி எல்லாம்தான். திருச்செங்கோட்டில் இருப்பது அந்தக் கோடு. ஜெர்மன்காரர் மலைக்கும் கொம்புக்கும் ‘ஹார்ன்’ என்று ஒரே சொல்லை வைத்ததுபோல நம்மிடமும் பல நூற்றாண்டாக இருந்திருக்கிறது! ஆனால் இன்று கோடு என்றால் பிள்ளைகள் அடிமட்டத்தை எடுப்பார்கள். ‘பனிக்கோடு’ என்றாலோ, நிரந்தரப் பனி தொடங்கும் உயர எல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். மனமில்லாமல்தான் விட்டுவிட்டேன். ‘மலைக்கொம்பு’ என்று வைத்துக்கொள்வோம்.

வெயில் நாட்டில் இருக்கும் நமக்கு இந்தச் சொற்கள் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். மலேசியாவின் சபா மாநிலத்தில் கினபாலு மலைக்கு (4,095 மீட்டர்) ஏறியவர்களைக் கேளுங்கள். உச்சியில் கருங்கல் வழவழவென்று பரந்து கிடக்கிறதே, அது கடந்த பனியுகத்தில் பனிக்கட்டி தேய்த்தது. பனிக்கு மேலே தலைநீட்டி நின்ற பகுதிகள்தான் இன்று கரடுமுரடான முனைகளாக இருக்கின்றன. பினாங்கில் உள்ள நம் கொடிமலையும் கருங்கல்தான். ஆனால் அதன் மேல் பனி உட்கார்ந்ததில்லை, மழையும் வெக்கையும் உருட்டிய உருண்டை மலை அது. இரண்டையும் பார்த்த பிள்ளைக்கு வித்தியாசத்தைத் தமிழில் சொல்லவும் வாய்க்க வேண்டும். இடைநிலைப்பள்ளியில் புவியியலை மலாயில் படிக்கிறார்கள், படிக்கட்டும். வீட்டில் தாத்தாவிடம் சொல்ல ஒரு சொல் இருக்கட்டுமே. ஆனால் கினபாலுவின் முனைகள் எல்லாவற்றையும் மலைக்கொம்பு என்று எழுதிவிடாதீர்கள். பல பக்கக் குடைவால் உண்டானதற்கே அந்தப் பெயர். பனிக்கடலில் தீவாக நின்ற முனைக்கு வேறு சொல் வேண்டும். கிரீன்லாந்துக்காரர் அதை ‘நுனாடக்’ என்கிறார்கள்.

ஐயா, பனியரங்கை விட்டுவிட உங்களுக்கு மனம் வராது என்று தெரியும். ஞாயிறு வகுப்பில் இரண்டு சொல்லையும் சொல்லாமல், சிவலிங்கத்தின் படத்தை மட்டும் பிள்ளைகளிடம் காட்டி, அந்தப் பள்ளத்தை என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று கேட்கப்போகிறேன். அவர்கள் சொல்வதை அப்படியே இங்கே எழுதுகிறேன். நீங்களும் உங்கள் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.