மறு: ஹேர்கட்டுக்குக் 'கடன் வெட்டு' போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

வணிகத்துக்கும் புலம்பெயர்வுக்கும் உரிய சொற்பட்டியல்கள் அதிகச் சண்டையில்லாமல் முடிந்தன. நிதிப் பகுதியும் ஒருவாறு கரையேறிவிட்டது. பொதுக்கடனுக்கு வந்ததும் இழை நீண்டுகொண்டே போகிறது, அதுவும் ஒரே ஒரு சொல்லுக்காக. ஹேர்கட் என்பது கடன்பத்திரம் அல்லது அடகு ஒன்றின் மதிப்பில் குறைக்கப்படும் பங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அதற்குத் தமிழில் இதுவரை வந்தவை: கடன் வெட்டு, கடன் கழிவு, தள்ளுபடி, கத்தரிப்பு, மதிப்பறுப்பு. 'முடிவெட்டு' என்று எழுதிய நண்பர் விளையாட்டுக்குத்தான் எழுதினார் என்று எடுத்துக்கொள்கிறேன். ஹேர்கட் என்றே விட்டுவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

> செய்தித்தாள்கள் 'கடன் வெட்டு' என்று எழுதப் பழகிவிட்டன. ஊரோடு ஒத்துப் போவோமே.

போகலாம். ஆனால் அந்தச் சொல் பாதி நிகழ்ச்சிகளைத்தான் பிடிக்கிறது. நன்றாகப் பொருந்தும் இடத்தையே முதலில் பார்ப்போம். 2012இல் கிரேக்கம் தனியாரிடம் இருந்த தன் கடன்பத்திரங்களை மாற்றிக் கொடுத்தது. 100 யூரோ முகமதிப்புள்ள (பத்திரத்தில் எழுதியிருக்கும் தொகைதான் முகமதிப்பு) பழைய பத்திரத்துக்கு, 31.5 யூரோ முகமதிப்பில் புதிய கிரேக்கப் பத்திரங்களும், யூரோ நாடுகளின் மீட்பு நிதியமான ஐரோப்பிய நிதி நிலைப்பு வசதி வெளியிட்ட 15 யூரோ பெறுமான குறுகிய காலப் பத்திரங்களும் கிடைத்தன. மீதி 53.5 யூரோ போயே போய்விட்டது. இதைக் கடன் வெட்டு என்று சொல்ல யாரும் தடை சொல்லப் போவதில்லை.

இப்போது மெக்சிகோவுக்கு வாருங்கள். அமெரிக்க நிதியமைச்சர் நிக்கோலஸ் பிரேடியின் பெயரால் 1989இல் வந்த திட்டத்தின்படி, மெக்சிகோவுக்குக் கடன் கொடுத்திருந்த வங்கிகள் 1990இல் பழைய கடனைப் பத்திரங்களாக மாற்றிக்கொண்டன. ஒரு வகைப் பத்திரத்தில் முகமதிப்பு 35 விழுக்காடு குறைந்தது, வட்டி சந்தையோடு ஏறி இறங்கும். இன்னொரு வகையில் முகமதிப்பு அப்படியே இருந்தது, ஆனால் வட்டி 6.25 விழுக்காட்டில் நிலையாக நிறுத்தப்பட்டது. புதிதாகக் கடன் தருவது என்ற மூன்றாம் வழியும் உண்டு, அது நம் பேச்சுக்குத் தேவையில்லை. முதல் இரண்டும் வங்கிகளுக்கு ஏறத்தாழ ஒரே அளவு இழப்பைத் தரும்படி வடிவமைக்கப்பட்டவை. 'கடன் வெட்டு' என்று எழுதினால் முதல் வகையை எடுத்தவர் மட்டும் இழந்தவர் ஆகிறார். இரண்டாம் வகையை எடுத்தவர் எதையுமே இழக்காதவர் போலத் தோன்றுகிறார். அவருடைய வங்கியின் கணக்கர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

உருகுவே 2003இல் இன்னும் ஒரு படி மேலே போனது. அசல் தொகையில் கை வைக்கவில்லை, முதிர்வு நாட்களைத் தள்ளி வைத்தது. செய்தித்தாள் வழக்கின்படி அங்கே கடன் வெட்டே நடக்கவில்லை. ஆய்வாளர்களின் அட்டவணைகளில் உருகுவேக்கும் ஒரு ஹேர்கட் எண் இருக்கிறது, சிறியதுதான்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? காலம் கடந்து வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவதிலிருந்து. இன்றே திருப்பித் தர வேண்டிய 100ஐ, வட்டியில்லாமல் பத்து ஆண்டு கழித்துத் தருகிறேன் என்கிறது ஓர் அரசு. எழுத்தில் 100 அப்படியே இருக்கிறது. ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 61. இழப்பு 39 விழுக்காடு. 10 விழுக்காடு என்று வைத்தால் இன்றைய மதிப்பு 39தான், இழப்பு 61. எண்கள் இப்படி இடம் மாறி வந்தது தற்செயல். ஆனால் ஒரே ஒப்பந்தம், ஒரே பத்திரம், எந்த வீதத்தில் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு வேறு ஹேர்கட் ஆகிறது என்பது தற்செயல் இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் கடன்பட்ட அரசும் கடனீந்தோரும் எண்ணைப் பற்றிச் சண்டை போடும்போது, பாதிச் சண்டை இந்த வீதத்தைப் பற்றியதுதான்.

ஒப்பீட்டின் அடியெண் எது என்பதிலும் இரண்டு வழக்கு உண்டு. சந்தையில் பேசுபவர்கள் புதிய பத்திரத்தின் இன்றைய மதிப்பைப் பழைய பத்திரத்தின் முழு முகமதிப்போடு ஒப்பிடுவார்கள். பொருளியலாளர்கள் ஸ்டர்செனெக்கரும் செட்டல்மெயரும் வேறு வழி சொன்னார்கள்: பழைய பத்திரத்தையும் அதே வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, பிறகு ஒப்பிடு. பழைய கடன் இன்னும் பல ஆண்டு கழித்துத்தான் முதிரப் போகிறது என்றால், அதையும் முழுதாக 100 என்று எண்ணுவது இழப்பைப் பெரிதாக்கிக் காட்டும். எனக்கு இரண்டாம் வழிதான் நியாயமாகப் படுகிறது. குரூசஸும் டிரெபெஷும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையைத்தான் முன்னிறுத்தியது. 1970 முதல் 2010 வரை 68 நாடுகளில் நடந்த 180 கடன் மறுசீரமைப்புகள், சராசரி ஹேர்கட் 37 விழுக்காடு. இந்த 37ஐ 'சராசரிக் கடன் வெட்டு' என்று தமிழில் எழுதினால், நூற்றுக்கு 37 பங்கு கடன் அழிக்கப்பட்டது என்றுதான் வாசகர் புரிந்துகொள்வார். அது பொய்.

> தமிழ்நாட்டுக் கணக்குப்பதிவியலில் 'தள்ளுபடி', இலங்கையில் 'கழிவு'. இரண்டில் ஒன்றை எடுத்தால் முடிந்தது.

முடியாது ஐயா. தமிழ்நாட்டில் கடன் தள்ளுபடி என்றால் அரசு கடனை மன்னித்துவிட்டது என்று பொருள். அது கடன் வாங்கியவர் பக்கத்துச் சொல், அதில் ஒரு சலுகையின் வாடை இருக்கிறது. ஹேர்கட் என்பதோ கடன் கொடுத்தவர் பக்கத்து அளவு. கழிவில் வேறு சிக்கல். இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரப் பயன்படுத்தும் வீதத்துக்கே இலங்கை நூல்களில் கழிவு வீதம் என்று பெயர். அப்படியானால் 'கழிவு வீதம் உயர்ந்தால் கழிவு உயரும்' என்று எழுத வேண்டி வரும். இந்த வாக்கியத்தை மாணவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

மதிப்பறுப்பு என்பதன் மேல் எனக்கு ஆசைதான். சுருக்கமானது, வினையாகவும் வரும். ஆனால் காதில் கழுத்தறுப்பு விழுகிறது. கடனீந்தோர் சிலர் அதுதான் சரி என்பார்கள், அகராதிக்கு அது போதாது.

இனிப் பிணையப் பக்கம், அதாவது அடகுப் பக்கம். இந்தச் சொல்லுக்கு அங்கேயும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதை இழையில் யாரும் தொடவில்லை. ரெப்போவில், அதாவது பத்திரத்தை அடகு வைத்து வாங்கும் குறுகிய காலக் கடனில், 100 பெறுமானப் பத்திரத்தை அடகாகக் கொடுத்தால் கடன் கொடுப்பவர் 100 தரமாட்டார். 95 தருவார், அந்த 5தான் ஹேர்கட். இங்கே யாரும் எதையும் இழக்கவில்லை, முன்னெச்சரிக்கையாக மதிப்பைக் குறைத்து எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அதன் விளைவு சின்னதல்ல. பொருளியலாளர்கள் கோர்ட்டன், மெட்ரிக் இருவரும் தொகுத்த குறியீட்டின்படி, 2007 தொடக்கத்தில் சுழியமாக இருந்த ரெப்போ ஹேர்கட் 2008 இறுதியில் 50 விழுக்காட்டை நெருங்கியது. அதே பத்திரத்தை வைத்து முன்பு 100 வாங்கியவர் இப்போது பாதிதான் வாங்க முடியும். மீதிப் பாதிக்கு எதையாவது விற்க வேண்டும், விற்றால் விலை இறங்கும், இறங்கினால் அடுத்தவரின் பிணையமும் சுருங்கும். வரிசையில் யாரும் வந்து பணம் கேட்காமலேயே வங்கி ஓட்டம் நடந்தது இப்படித்தான்.

'கடன் வெட்டு' இங்கே சுத்தமாகப் பொருந்தாது. வெட்டப்படுவது கடன் இல்லை, பிணையத்தின் மதிப்பு. இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருப்பது மதிப்பு என்பதால் என் பரிந்துரை: மதிப்பு வெட்டு. செய்தித்தாள் பழக்கிய 'வெட்டு' இருக்கிறது, செயப்படுபொருள் மட்டும் மாறுகிறது. முன்னால் ஒரு சொல் சேர்த்தால் வகைகள் தாமாகவே பிரிந்துகொள்கின்றன: முகமதிப்பு வெட்டு, நிகழ்மதிப்பு (இன்றைய மதிப்பு) வெட்டு, பிணைய மதிப்பு வெட்டு. வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்.

'முகமதிப்பு வெட்டு இல்லாமலேயே, வட்டியைக் குறைத்து நிகழ்மதிப்பு வெட்டை எட்டினார்கள்.'

'பத்திரம் தரமிறக்கப்பட்டதும் பிணைய மதிப்பு வெட்டு உயர்ந்தது.'

எனக்கு இரண்டும் நாக்கில் தடுக்கவில்லை. ஹேர்கட் என்றே எழுதலாம் என்பவர்களுக்கு: ஒலிபெயர்ப்பின் மேல் எனக்குப் பகை இல்லை, ரெப்போவை ரெப்போ என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் ஹேர்கட் என்று எழுதினால் மேலே உள்ள முதல் வாக்கியத்தை எழுதவே முடியாது. ஹேர்கட் என்ற சொல்லைப் படித்துப் புரிந்துகொள்பவர் ஏற்கெனவே ஆங்கிலத்தில் படித்தவராகத்தான் இருப்பார்.

அன்புடன்,
கடன் பகுதித் தொகுப்பாளர்

*

அன்பின் தொகுப்பாளருக்கு,

விளக்கம் நன்று. கழிவு பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நாங்கள் இலங்கையில் படித்த நூல்களில் அந்தச் சொல் ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது. ஆனால் இரண்டு ஐயங்கள்.

ஒன்று, 'மதிப்பு வெட்டு' என்றதும் இலங்கை வாசகருக்கு நாணய மதிப்பிறக்கந்தான் நினைவுக்கு வரும். 2022இல் ரூபாய் சரிந்ததும், ஏப்ரலில் வெளிநாட்டுப் படுகடன் (பொதுக்கடன்) கொடுப்பனவுகளை நிறுத்தியதும் ஒரே காலத்தில் நடந்தவை. ஒரே கட்டுரையில் இரண்டும் வரும்போது எது எதுவென்று குழம்பிவிடும். 'கடன்கொடுநர் இழப்பு வீதம்' என்று நேரடியாகவே எழுதினால் என்ன?

மற்றது, 2024 டிசம்பரில் இலங்கை கொடுத்த புதிய முறிகளில் (கடன்பத்திரங்களில்) ஒரு பகுதி பொருளாதாரத்தோடு இணைக்கப்பட்டவை. 2025 முதல் 2027 வரையான மொத்த உள்நாட்டு உற்பத்தி டாலரில் எவ்வளவு என்பதைப் பொறுத்து, பிறகு தரப்படும் தொகை கூடலாம், குறையலாம். முதலில் 27 சதவீத வெட்டு என்று செய்திகளில் வந்தது. ஆனால் உற்பத்தி எதிர்பார்த்ததை விடக் கூடினால் வெட்டியதில் ஒரு பங்கு திரும்ப ஒட்டப்படுகிறது. வெட்டு என்ற சொல் இதைத் தாங்குமா? வெட்டினது வெட்டினதுதானே?

*

வணக்கம்.

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் சுவையான கேள்வி. அந்த முறிகளில் வெட்டு நடந்து முடிந்த நிகழ்ச்சி இல்லை, மதிப்பீடு. இன்று 27 என்று சொல்வது அடிப்படைக் கணிப்பு நிறைவேறினால் என்ற நிபந்தனையோடு. ஆகவே அங்கே 'எதிர்பார்க்கும் முகமதிப்பு வெட்டு' என்று எழுதுவோம். உற்பத்தி கூடி, கொடுக்க வேண்டியது ஏறினால் 'வெட்டு குறைந்தது' என்று எழுதுவோம். செலவு வெட்டு குறைந்தது, மின்வெட்டு குறைந்தது என்கிறோம் இல்லையா, அதில் யாரும் எதையும் ஒட்டுவதில்லை. உக்ரைன் 2015இல் முகமதிப்பில் 20 விழுக்காட்டைக் குறைத்துவிட்டு, வளர்ச்சி வந்தால் பணம் தரும் ஆவணங்களைத் தனியாகக் கொடுத்தது. அங்கே வெட்டும் ஈடும் இரண்டு காகிதங்களில் இருந்தன. இலங்கையில் ஒரே காகிதத்தில் வந்துவிட்டதால்தான் உங்களுக்குச் சொல் இடறுகிறது என்று நினைக்கிறேன்.

'கடன்கொடுநர் இழப்பு வீதம்' தெளிவாகத்தான் இருக்கிறது. இரண்டு காரணத்தால் தயங்குகிறேன். கடனாளி தவறும்போது வங்கி எவ்வளவு இழக்கும் என்பதற்கு வங்கி மேற்பார்வை விதிகளில் தனி அளவு ஒன்று உண்டு. 'இழப்பு' என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ள வேண்டும். பிணையப் பக்கத்திலோ, முன்பே சொன்னபடி, இழப்பே இல்லை.

நாணயக் குழப்பம் உண்மையான குறை. அதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: 'மதிப்பு வெட்டு' தனித்து வரக் கூடாது. முகமதிப்பு, நிகழ்மதிப்பு, பிணைய மதிப்பு என்ற மூன்றில் ஒன்று எப்போதும் முன்னால் நிற்க வேண்டும். மூலத்திலேயே எது என்று சொல்லாமல் விட்டிருந்தால் 'கடன்பத்திர மதிப்பு வெட்டு' என்று எழுதிவிட்டு, எந்த வகை என்பது மூலத்தில் இல்லை என அடிக்குறிப்புப் போடுவோம். அந்த அடிக்குறிப்பு அடிக்கடி தேவைப்படும், ஏனென்றால் செய்தி அறிக்கைகள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. நாணயத்துக்கு 'மதிப்பிறக்கம்' இருக்கவே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

பட்டியலில் இப்படி ஏற்றியிருக்கிறேன்:

மதிப்பு வெட்டு: கடன்பத்திரம் அல்லது பிணையம் ஒன்றின் மதிப்பில் குறைக்கப்படும் பங்கு, விழுக்காட்டில். நிகழ்மதிப்பு வெட்டைக் குறிப்பிடும்போது எந்த வட்டி வீதத்தில் கணக்கிடப்பட்டது, ஒப்பீட்டின் அடியெண் முகமதிப்பா நிகழ்மதிப்பா என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடன் தள்ளுபடி, மதிப்பிறக்கம் ஆகியவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

படுகடன், முறி இரண்டையும் பொதுக்கடன், கடன்பத்திரம் ஆகியவற்றுக்கு இணைச்சொற்களாகச் சேர்த்துவிட்டேன். மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், ஆனால் வாக்கியத்தோடு எழுதுங்கள். மாற்றத்துக்கு உடன்படாமல் ஒதுங்கி நின்று வழக்குப் போடும் கடனீந்தோருக்கு 'முரண்டர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் பிடித்திருக்கிறது, அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.