முதன்முறையாக வீட்டுப் பன்றிகளை அறுக்கப் போகிறோம்: என்னென்ன ஆயத்தம் தேவை?

ரப்பர்க்காடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில், பால்குடி மறந்த குட்டிகளாக வாங்கிய மூன்று வெண்பன்றிகளை வளர்த்து வருகிறோம். ஒன்று பெட்டை, ஒன்று காயடித்த ஆண், மற்றொன்று காயடிக்காமல் விட்ட ஆண். மரச்சீனிக்கிழங்கு, தவிடு, ஓட்டல் மிச்சம் ஆகியவையே முக்கியத் தீவனம். குளச்சலிலிருந்து மீன் வண்டி வரும் நாட்களில் மீன் கழிவும் போடுவதுண்டு. கிறிஸ்துமஸுக்கு முன்பு இரண்டை அறுத்து, சொந்தக்காரர் வீடுகளுக்குக் கூறு போட்டுக் கொடுக்கலாம் என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். கோழியும் ஆடும் அறுத்த பழக்கம் உண்டு என்றாலும், இவ்வளவு பெரிய உருப்படியில் கை வைத்ததில்லை. எத்தனை நாள் முன்பிருந்து ஆயத்தம் செய்ய வேண்டும், எந்தப் பன்றியை முதலில் எடுப்பது, முடியைப் பொசுக்குவதா வெந்நீர் ஊற்றிச் சுரண்டுவதா, குளிர் அறை இல்லாத வீட்டில் கறியைக் கெடாமல் வைப்பது எப்படி என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மார்த்தாண்டம் அண்ணன் எழுதியது:

தம்பி, முதலில் அந்தக் காயடிக்காத ஆணை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பருவம் வந்த ஆண் பன்றியின் கொழுப்பில் ஒரு மூத்திர வாடை தங்கிவிடும்; பச்சைக் கறியில் அவ்வளவாகத் தெரியாது, சட்டியில் கொழுப்பு உருகும்போதுதான் வீடு முழுவதும் ஏறும். எல்லா ஆணுக்கும் ஒரே அளவில் இருக்காது என்பது உண்மைதான், ஆனால் பத்து வீட்டுக்குப் பங்கு கொடுக்கும் கறியில் அந்தப் பரீட்சை வேண்டாம். காயடித்ததையும் பெட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டை சினையில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஆணோடு ஒரே கொட்டிலில்தான் நின்றிருக்கிறது.

மீன் கழிவை இன்றோடு நிறுத்துங்கள். அந்த வாடை கொழுப்பில் ஏறினால் போவதற்குப் பல வாரங்கள் ஆகும். எடை பார்க்கத் தராசு தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், காதடியிலிருந்து வாலடி வரையிலான நீளத்தையும் மீட்டரில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தாலும் பிறகு 69.3 ஆலும் பெருக்கினால் கிலோ கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். சுற்றளவு 1.10, நீளம் 1.15 என்றால் 96 கிலோ. அதில் குடலும் இரத்தமும் போக, தலையும் தோலும் சேர்த்து 70 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும். இரண்டு பன்றி என்றால் 140 கிலோவை ஒரே காலையில் கையாள வேண்டும் என்பதை இப்போதே மனத்தில் வையுங்கள். என்னைக் கேட்டால், முதல் முறைக்கு ஒன்று போதும்.

முந்தைய நாள் மதியத்தோடு தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். வயிறு நிறைந்திருந்தால் குடல் உப்பிக்கொண்டு, கத்தி பட்டுக் கிழியும் வாய்ப்பு அதிகம். ஆனால் பட்டினி போடும் பன்றியைத் தனியாகப் பிரித்துக் கட்டாதீர்கள். தனித்து நின்றால் அது இரவெல்லாம் கத்தி அலைந்து களைத்துவிடும். அறுக்கும் நேரத்தில் விரட்டிப் பிடித்து மூச்சிரைக்க வைத்த பன்றியின் கறி வெளிறிச் சொதசொதவென்று நீர் விடும். இரவு முழுவதும் அலைந்து களைத்த பன்றியின் கறியோ கறுத்து ஒட்டும், சீக்கிரம் கெடும். அமைதியாக நடத்தி வர ஒரு பலகைத் தடுப்பும், அறுக்கும் இடம் வரை சில நாட்கள் முன்பிருந்தே தீவனம் காட்டிப் பழக்குவதும் பெரிய உதவி.

குத்துகிற வேலைக்குக் கைப்பழக்கம் உள்ள ஒருவரைக் கட்டாயம் அழையுங்கள். ஆட்டைப் போலக் குரல்வளையை அறுக்கும் வேலை அல்ல இது. பன்றியின் கழுத்துக் கொழுப்பில் அது சரிவராது. நெஞ்செலும்பின் முன்முனைக்குச் சற்று முன்னால் உள்ள குழியில், நடுக்கோட்டில் கத்தியை இறக்கி, வாலை நோக்கிச் சாய்த்து, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயை வெட்ட வேண்டும். கத்தி பக்கவாட்டில் போய்விட்டால் இரத்தம் முன்சப்பைக்குள் இறங்கி உறைந்து, அந்தச் சப்பையில் பாதிக்கறி வீணாகும். இரத்தம் முழுவதும் வடிய ஐந்து நிமிடமாவது விடுங்கள்.

முடியைப் பொறுத்தவரை நம் பக்கத்தில் காய்ந்த ஓலையிலோ கேஸ் தீயிலோ பொசுக்கி, மஞ்சள் தேய்த்துச் சுரண்டுவதே வழக்கம், தோலுக்கு அதுவே ருசியும் தரும். நிதானமாக, தோல் வெடிக்காமல் வாட்ட வேண்டும். கப்பி, உறுதியான உத்திரம், புளியங்கட்டை, ஆறு அங்குல மெல்லிய கத்தி இரண்டு, எலும்புக்கு ஒரு வெட்டுக்கத்தி, சாணை, சுத்தமான தண்ணீர் இவை முந்தைய நாளே இடத்தில் இருக்கட்டும்.

கால்நடை மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

அண்ணன் சொன்னதற்கு மேல் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2001ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகளின்படி, நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற அறுவைக்கூடத்துக்கு வெளியே விலங்குகளை அறுக்கக் கூடாது. ஆகவே உங்கள் இடம் எந்த உள்ளாட்சியில் வருகிறதோ அந்த அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சினை விலங்கையும், மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டி உள்ள தாயையும் அறுக்கக் கூடாது என்பதும், ஒன்றை மற்றொன்றின் கண்ணெதிரே அறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளவை. வீட்டில் செய்தாலும் இவற்றைக் கடைப்பிடிப்பதே முறை.

குத்துவதற்கு முன் விலங்கை உணர்விழக்கச் செய்ய வேண்டும். அதற்கான கருவியும் பயிற்சியும் உள்ளவரையே தேடுங்கள். வீட்டு மின்கம்பியை வைத்துச் சிலர் செய்யும் வேலை பன்றிக்கு முன்பே மனிதரைக் கொன்றுவிடும். சீரான மூச்சு நின்று, கண்ணைத் தொட்டால் இமை அசையாத நிலை வந்ததா என்று பார்த்து, உடனே குத்த வேண்டும். தாமதித்தால் உணர்வு திரும்பிவிடும்.

ஐவர்மெக்டின் போன்ற புழு மருந்தோ நுண்ணுயிர்க்கொல்லியோ போட்டிருந்தால், மருந்துச் சீட்டில் உள்ள விலக்குக் காலம் (மருந்து போட்ட பிறகு அறுக்காமல் காத்திருக்க வேண்டிய நாட்கள்) முடியாமல் அறுக்காதீர்கள். சில ஊசிகளுக்கு அது நான்கு வாரம்கூட ஆகும். காய்ச்சல், தீவனம் எடுக்காமை, காது ஓரமும் அடிவயிறும் சிவந்து நீலம் பாய்தல் ஆகியவற்றைக் கண்டால் 'சாவதற்குள் அறுத்துவிடலாம்' என்ற எண்ணமே கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தொடங்கி, 2022இல் வயநாட்டுக்கு வந்து, 2023இல் முதுமலையில் காட்டுப்பன்றிகளிலும் காணப்பட்டது. அது மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பங்குக்கறியோடு பயணம் செய்து அடுத்த ஊரின் கொட்டில்களைக் காலி செய்யும். ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்க வைக்காமல் போடக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

வயிற்றைத் திறந்த பிறகு அவசரப்படாமல் உறுப்புகளைப் பாருங்கள். ஈரலில் பால் தெளித்தாற்போன்ற வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அது உருளைப்புழு போன வடு. அந்தப் பகுதியை வெட்டி எறியலாம். நாக்கின் அடிப்புறம், இதயம், முன்சப்பைத் தசை, உதரவிதானம் ஆகியவற்றில் அரிசி மணி அளவில், நீர் நிறைந்த வெண்மையான கட்டிகள் தென்பட்டால் அது நாடாப்புழுவின் இளம்பருவம். வேலையை நிறுத்திவிட்டு கால்நடை மருத்துவரை அழையுங்கள், ஒரு துண்டும் வீட்டை விட்டுப் போகக் கூடாது. கொட்டிலில் அடைத்து வளர்த்த பன்றியில் இது அரிது, ஆனால் பார்க்காமல் விடுவதற்கில்லை. கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் உறை அணியாமல் இறங்க வேண்டாம்.

மன்னவனூர்க்காரன் எழுதியது:

வெந்நீர் முறையில் தோல் வெள்ளையாக வரும், எனக்கு அதுதான் பிடிக்கும். நீர் 60 முதல் 65 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தோல் வெந்து முடியை இறுகப் பிடித்துக்கொள்ளும்; பிறகு சவரம்தான் செய்ய வேண்டும். உங்கள் பகுதியில் கொதிநீரும் குழாய் நீரும் சம அளவில் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். எங்கள் மலையில் நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குழாய் நீரும் சில்லென்று இருக்கும் என்பதால் அந்தக் கணக்கு எங்களுக்குச் செல்லாது.

ரப்பர்க்காடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒரு பன்றி மட்டும், காயடித்த ஆண் என்று முடிவு செய்துவிட்டோம். கால்நடை மருந்தகத்திலும் பேரூராட்சியிலும் நாளை கேட்கிறேன். குடல் எடுப்பதையும் கறியைக் குளிர்விப்பதையும் பற்றி அண்ணன் இன்னும் சற்று விரித்துச் சொல்ல முடியுமா? எங்களிடம் இருப்பது ஒரு சாதாரணக் குளிர்சாதனப் பெட்டிதான்.

மார்த்தாண்டம் அண்ணன் எழுதியது:

விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்குங்கள், தம்பி. பின்னங்கால் குதிநரம்பில் கொக்கி மாட்டித் தொங்கவிட்ட பிறகு, முதலில் ஆசனவாயைச் சுற்றி அறுத்து, குடல்முனையைக் கயிற்றால் இறுகக் கட்டி உள்ளே தள்ளுங்கள். வயிற்றைக் கீறும்போது கத்தி முனை வெளிப்பக்கம் பார்க்க, இரண்டு விரல் உள்ளே நின்று குடலைத் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும். உணவுக்குழாயையும் கட்டி அறுத்தால் மொத்தமும் ஒரே பொதியாக அண்டாவில் இறங்கும். சிறுநீர்ப்பையையும் பித்தப்பையையும் கிழிக்காமல் எடுப்பதில்தான் நிதானம் வேண்டும். பித்தம் சிந்தினால் பட்ட இடத்தைக் கழுவுவதைவிட வெட்டி எடுத்துவிடுவது மேல்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் சூடான கறியை அடைத்தால் அது குளிரவே குளிராது, உள்ளே இருக்கும் பாலும் சேர்ந்து கெடும். முதுகெலும்பு வழியே இரண்டாகப் பிளந்து, நான்கு சப்பையாக்கி, காற்றுப்படத் தொங்கவிடுங்கள். ஈ வராமல் மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தலாம். மீன்பிடித் துறையில் கிடைக்கும் ஐஸைப் பெரிய தெர்மோகோல் பெட்டிகளில் வாங்கி வைத்து, உருகும் நீர் வடியத் துளையிட்டு, கறியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இடையிடையே அடுக்குங்கள். எட்டு மணிக்குள் கூறு வீடுகளுக்குப் போய்விட வேண்டும், அவர்களையும் பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போகச் சொல்லுங்கள். உங்கள் பங்கில் சமைக்காததை உறைய வைப்பதாக இருந்தால், முதலில் ஒரு நாள் குளிரில் இருக்கட்டும். விறைப்பு இறங்காத கறியை நேரே உறைய வைத்தால் ரப்பராகிவிடும்.

சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக் கொழுப்பைத் தனியாக எடுத்து, சிறிது நீர் விட்டுச் சிறு தீயில் உருக்கினால் நல்ல பன்றி நெய் கிடைக்கும். குடல் கழிவுக்கு நாய் தோண்டாத ஆழத்தில் ஒரு குழியை முந்தைய நாளே வெட்டி, சுண்ணாம்பு மூட்டை ஒன்றும் பக்கத்தில் வையுங்கள்.