நெல் காசு கணக்கில் ஏறும் நேரம்: பணம் பறிக்க வந்தவர்களை எதிர்கொண்ட டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

நீடாமங்கலம் பக்கம், வங்கிச் சேவை மையம் நடத்துபவர்:

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டவர்களுக்குக் கணக்கில் பணம் ஏறிக்கொண்டிருக்கிறது. நம் பக்கத்துச் சம்சாரிக்கு வருஷத்தில் பெரிய தொகை ஒன்று கணக்கில் நிற்பது இந்தக் காலத்தில்தான். கடனை அடைக்க, நகையை மீட்க என்று எடுப்பதற்குள் சில நாள் அப்படியே கிடக்கும். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் காலையிலேயே பணம் எடுக்க வந்தார். கைரேகை வைத்துப் பார்த்தால் இருப்பு நாலாயிரத்துச் சொச்சம். மினி ஸ்டேட்மென்டில் மூன்று தவணையாகப் பணம் போயிருந்தது. மனுஷர் ஒன்றும் பேசவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். போனை வாங்கிப் பார்த்தேன். வங்கியிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்கூட இல்லை. வாட்ஸ்அப்பில் முந்தின நாள் "பிஎம் கிசான்" என்ற பெயரில் ஒரு கோப்பு வந்திருந்தது, பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தது, அதாவது திறந்தால் போனில் செயலியை நிறுவும் கோப்பு. அனுப்பியது அவருக்குத் தெரிந்த ஆள்தான். அந்த ஆளின் போனில் ஏற்கெனவே புகுந்த செயலி, அவர் அறியாமலே எல்லோருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. பெரியவர் அதை நிறுவியிருக்கிறார். கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்து, ஆதார் எண்ணும் ஏடிஎம் அட்டை விவரமும் போட்டிருக்கிறார். அதன்பிறகு செயலியின் படமே திரையில் இல்லை. உள்ளே இருந்துகொண்டு வருகிற ஓடிபியைப் படித்து வேறு எங்கோ அனுப்பியிருக்கிறது, வங்கி அனுப்பிய தகவலையும் அழித்திருக்கிறது.

உடனே கிளைக்கு ஓட வேண்டும் என்றார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்று சொல்லி, முதலில் என் போனிலிருந்து இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்தேன். கணக்கு எண், வங்கி, தொகை, நேரம், ஒவ்வொரு பரிவர்த்தனையின் எண் எல்லாம் கேட்டார்கள். யுபிஐ என்றால் அந்த எண் 12 இலக்கம் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால் வேலை சீக்கிரம் முடியும். அங்கே பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகிறது. அடுத்த கணக்குக்கு நகராமல் இருந்தால் அங்கேயே நிறுத்தி வைப்பார்கள். முதல் இரண்டு தவணை போய்விட்டது. மூன்றாவது நின்றது. நேராகக் கிளைக்குப் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அழைத்து முடித்ததும் அவர் போனில் இருந்த சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டோம். போட்ட கொஞ்ச நேரத்தில் சலக் சலக்கென்று ஓடிபி வர ஆரம்பித்தது. அதாவது இன்னும் முயற்சி செய்துகொண்டிருந்தார்கள். அதன்பிறகுதான் கிளைக்குப் போய்க் கணக்கை முடக்கி, அட்டையை ரத்து செய்து, சைபர் கிரைம் இணையதளத்தில் முழுப் புகாரும் கொடுத்தோம். பழைய போனை முழுதாக அழித்துத் திரும்ப அமைத்த பின்தான் அதில் சிம்மைப் போட்டோம்.

உங்களுக்கு நடந்ததை, நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். யார் பெயரும் வேண்டாம். எப்படி வந்தார்கள், எங்கே நின்றது என்பது போதும்.

கும்பகோணம், பாத்திரக்கடை:

எங்களுக்கு வருவது வேறு மாதிரி. முகூர்த்த நாளில் கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது குத்துவிளக்கு, அண்டா என்று நல்ல தொகைக்கு எடுத்துவிட்டு, போனைத் தூக்கிக் காட்டுவார்கள். பச்சை டிக், தொகை, கடைப் பெயர் எல்லாம் சரியாக இருக்கும். இப்படிக் காட்டுவதற்கென்றே போலிச் செயலிகள் இருக்கின்றன. எங்கள் கடைப் பையன்களுக்குச் சொல்லி வைத்தது ஒன்றுதான்: பேசும் பெட்டி தொகையைச் சொன்னால் பொருள் வெளியே போகலாம், இல்லையென்றால் நம் போனில் வரவைப் பார்த்துவிட்டு அனுப்பு. வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. பக்கத்துத் தெருவில் ஒரு டீக்கடையில் க்யூஆர் அட்டைமேல் இன்னொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஓரம் லேசாகத் தூக்கியிருந்ததை நகத்தால் கீறிப் பார்த்தால் அடியில் அவருடையது. காலை வியாபாரம் பாதி யாரோ ஒருவன் கணக்குக்குப் போய்விட்டது. கடை திறந்ததும் நாமே ஒருமுறை ஸ்கேன் செய்து பெயர் நம்முடையதா என்று பார்ப்பது ஒரு நிமிஷ வேலை.

கூத்தாநல்லூர், குடும்பத் தலைவி:

என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். மாதா மாதம் பணம் வருவது ஊருக்கே தெரியும், இந்த ஆட்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஒருநாள் மதியம் ஒரு போன். "அக்கா, ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டிய பத்தாயிரம் உங்கள் நம்பருக்கு மாறி வந்துவிட்டது, அம்மா ஐசியூவில் இருக்கிறார், கொஞ்சம் திருப்பிப் போடுங்கள்" என்று அழுகிற குரல். அதே நேரம் பத்தாயிரம் வரவு என்று எஸ்எம்எஸ்ஸும் வந்தது. படித்ததும் எனக்கும் மனம் இளகத்தான் செய்தது. ஆனால் அந்த எஸ்எம்எஸ் வந்தது ஒரு சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து. வங்கித் தகவல் என்றால் வங்கியின் சுருக்கப் பெயரில் வரும், எண்ணில் வராது. செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்தேன், பத்து பைசா ஏறவில்லை.

"தம்பி, நீங்கள் உங்கள் வங்கியில் சொல்லுங்கள், அவர்கள் எங்கள் வங்கியைக் கேட்டுத் திருப்பி எடுப்பார்கள்" என்றேன். குரல் மாறியது. திட்டிவிட்டு வைத்துவிட்டான். நிஜமாகவே மாறி வந்திருந்தாலும் இதேதான் வழி. நாமாகத் திருப்பி அனுப்பக் கூடாது.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கூரியர் ஆள் என்று போன் வந்தது. வீடு தெரியவில்லை, டெலிவரி ஆள் நம்பரைத் தருகிறேன், இப்படி அமுக்குங்கள் என்று *401* என்று தொடங்கும் எண்ணைச் சொல்லியிருக்கிறான். அமுக்கினால் நமக்கு வரும் அழைப்பெல்லாம் அவனுக்குப் போகும். அப்புறம் ஓடிபியை அழைப்பில் சொல்லும்படி வாட்ஸ்அப்பிடம் கேட்பான், அந்த அழைப்பும் அவனுக்கே போவதால் நம் வாட்ஸ்அப்பையே அவன் போனில் திறந்துவிடுவான். நல்லவேளை, அவள் என்னிடம் வந்து கேட்டாள். யாராவது ஏற்கெனவே அமுக்கியிருந்தால் ##002# போடுங்கள், எல்லாத் திருப்பிவிடலும் நீங்கிவிடும்.

பட்டுக்கோட்டை, தேங்காய் வியாபாரம்:

மேலே எழுதியவர்கள் பணம் வெளியே போவதைச் சொல்கிறார்கள். எனக்கு நடந்தது பணம் உள்ளே வந்ததால். இதைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் பேசுவதில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

வெளிமாநிலத்திலிருந்து ஒரு பார்ட்டி போனில் பேசிக் கொப்பரைக்கு ஆர்டர் கொடுத்தார். முன்பணம் யுபிஐயில் வந்தது, மீதி லோடு ஏறியதும் வந்தது. ஆனால் அனுப்பியவர் பெயர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு. வியாபாரத்தில் இது சகஜம், கணக்குப்பிள்ளை அனுப்புவார், மச்சான் அனுப்புவார். சில வாரம் கழித்து ஒரு நாள் ஆள் கூலி கொடுக்கப் பணம் எடுக்கப் போனால் எடுக்க முடியவில்லை. கிளையில் கேட்டால், வேறொரு மாநிலத்துக் காவல்துறை சொல்லி முடக்கியிருக்கிறது என்றார்கள். எங்கோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணம் நாலைந்து கணக்கு மாறி, அதில் ஒரு பகுதிதான் எனக்குத் தேங்காய்க் காசாக வந்திருக்கிறது.

கிளையில் புகார் எண்ணும் காவல் நிலையத்தின் பெயரும் எழுதி வாங்கினேன். பில், லாரி வாடகைச் சீட்டு, எடைச்சீட்டு, அந்த ஆளுடன் பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அச்செடுத்து விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பினேன். முதலில் மொத்தக் கணக்கும் முடங்கியிருந்தது. சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி மீதியை விடுங்கள் என்று எழுதிக் கேட்டபின் மீதி கைக்கு வந்தது. நிறுத்தி வைத்த தொகை வர மாதக்கணக்கில் இழுத்தது. வரவு வந்த கணக்கின் பெயரும் பில்லில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் இப்போது லோடு ஏற்றுவதில்லை.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாலைந்து கணக்கும் யாருடையது? பெரும்பாலும் நம் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகளுடையது. கல்லூரிப் பையன்களிடம் "சும்மா கிடக்கிற கணக்கைக் கொடு, பாஸ்புக், ஏடிஎம் அட்டை, சிம் மூன்றையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று பேசுகிறார்கள். எங்கள் ஊரில் ஒரு பையனைத் தேடிக் காவல்துறை வீட்டுக்கு வந்தபோது அவன் அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. கொள்ளையடித்தவன் முகம் யாருக்கும் தெரியாது, கணக்கு வைத்திருப்பவன் பெயர்தான் வழக்கில் முதலில் வரும். பிள்ளைகளிடம் இதை வீட்டில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

மயிலாடுதுறை, ஓய்வு பெற்ற ஆசிரியை:

எனக்கு வந்தது காவல்துறைச் சீருடையில் வீடியோ அழைப்பு. என் ஆதாரில் போதைப்பொருள் பார்சல், டிஜிட்டல் கைது, கேமராவை அணைக்காதே, யாரிடமும் சொல்லாதே. நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. யாரிடமும் சொல்லாதே என்றானே, அதைக் கேட்ட உடனே அழைப்பைத் துண்டித்துவிட்டு அடுத்த வீட்டில் போய்ச் சொன்னேன். தனியாக இருக்கும் பெரியவர்கள் யாரும் சத்தம் போட்டுச் சொல்லத் தயங்க வேண்டாம்.

வேதாரண்யம் பக்கம், மகளிர் குழுவைச் சேர்ந்தவர்:

போனே இல்லாதவர்களுக்கும் பணம் போகிறது. எங்கள் குழுவில் ஒரு பெரியம்மா. நூறு நாள் வேலைக் கூலியும் உரிமைத்தொகை ஆயிரமும் ஒரே கணக்கில் வந்துகொண்டிருந்தன. யாரோ வீடு வீடாக வந்து ஏதோ திட்டத்தில் சேர்க்கிறோம் என்று கைரேகை வாங்கியிருக்கிறார்கள். ஆதார் எண்ணும் ரேகையும் இருந்தால் ஓடிபி இல்லாமலே பணம் எடுக்கலாம் அல்லவா? ஒரே நாளில் இரண்டு முறை எடுத்திருந்தார்கள்.

நாங்கள் மறுநாளே கிளையில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கினோம். மேலாளர் முதலில், ரேகை பொருந்தியிருக்கிறது, நாங்கள் என்ன செய்வது என்றார். குழுவில் ஒரு தங்கை ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையைக் காட்டிப் பேசினாள். அதன்படி, வாடிக்கையாளர்மீதும் வங்கிமீதும் தவறில்லாமல் வெளியாள் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு கிடையாது. வாடிக்கையாளர் தவறு என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும். புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். அதன்பிறகு மேலாளர் பேச்சு மாறியது, பணமும் வந்தது. நாமே ஓடிபியோ பின் எண்ணோ கொடுத்திருந்தால் நிலைமை வேறு. அப்போதுகூடப் புகார் கொடுத்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்பவர்களுக்குத்தான் வழி இருக்கிறது.

இப்போது குழுவில் எல்லோருடைய ரேகையையும் ஆதாரின் அதிகாரப்பூர்வச் செயலியில் பூட்டி வைத்திருக்கிறோம். பணம் எடுக்கும் நாளில் திறந்து, எடுத்ததும் பூட்டிவிடுவோம். போன் இல்லாதவர்களுக்குக் குழுத் தலைவி உதவுகிறார்.

நீடாமங்கலம் பக்கம், வங்கிச் சேவை மையம் நடத்துபவர்:

வேதாரண்யம் அக்கா சொன்ன பூட்டு என் மையத்துக்கு வருபவர்களுக்கும் இனிமேல் சொல்லித் தரப்போகிறேன். யுபிஐக்கு எந்தக் கணக்கு என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். நெல் காசு வரும் கணக்கை யுபிஐயில் இணைக்காதீர்கள். கடைக்கும் பஸ்ஸுக்கும் தனியாக ஒரு சின்னக் கணக்கு, அதில் ஆயிரம் இரண்டாயிரம் போதும். பின் எண் பணம் அனுப்பவும் இருப்புப் பார்க்கவும்தான். பணம் வாங்கப் பின் எண் போடு என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முத்துப்பேட்டை, கத்தாரிலிருந்து திரும்பியவர்:

இன்னொரு ஓட்டை இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுகிறோம். தொடர்ந்து பயன்படுத்தாமல் கிடந்தால் நிறுவனம் எண்ணைத் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். வங்கியில் மட்டும் அது நம் எண்ணாகவே இருக்கும். என்னுடைய எண்ணுக்கு அழைத்தால் ஒருநாள் யாரோ ஒரு அம்மா எடுத்தார். என் கணக்கின் தகவல்கள் அவருக்குப் போய்க்கொண்டிருந்தன. நல்ல மனுஷி, அழித்துவிடுகிறேன் தம்பி என்றார். எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். 2025 ஏப்ரலிலிருந்து இப்படிக் கை மாறிய எண்களை வங்கிகள் வாரம் ஒருமுறையாவது சரிபார்த்து யுபிஐயிலிருந்து நீக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஆனாலும் நாமே கிளைக்குப் போய் எண்ணை மாற்றுவதுதான் நிச்சயம். கத்தார், சவுதி, ஓமன், அமீரகத்தில் இருப்பவர்கள் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கை (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான வங்கிக் கணக்குகள்) அந்த நாட்டு எண்ணிலேயே யுபிஐயில் இணைக்கலாம், தங்கள் வங்கியில் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். என் பெயரில் நான் வாங்காத ஒன்று இருந்தது. என் எண் இல்லை என்று அங்கேயே குறித்தேன், சில நாளில் துண்டித்துவிட்டார்கள்.