‘விளக்குப் பெருக்கி’யா, ‘வால்வுப் பெருக்கி’யா?

ரோஸ் ஹில் (மொரீசியசு), தமிழாசிரியை:

மடற்குழு அவையோர்க்கு வணக்கம். தைப்பூசக் காவடி முடிந்த மறுவாரம் எங்கள் ஊரில் இசை கேட்கும் மாலை ஒன்று நடக்கவிருக்கிறது. ஒரே இசைத்தட்டைக் கண்ணாடிக் குமிழ்கள் ஒளிரும் பழைய ஆம்ப்ளிபயரிலும் (ஒலியின் மின் அலையை மிகுவிக்கும் கருவி), டிரான்சிஸ்டரால் இயங்கும் இன்றைய ஆம்ப்ளிபயரிலும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்வது திட்டம். அதற்கான நான்கு பக்கத் தமிழ்க் கையேட்டை வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். குமிழ் வகைக்கு அகராதி தரும் ‘வெற்றிடக் குழாய்ப் பெருக்கி’யை வகுப்பில் எழுதிக் காட்டியபோது, அது வீட்டில் தூசு உறிஞ்சும் இயந்திரம்தானே என்று மாணவர்கள் கேட்டார்கள். இரண்டு வகைக்கும் நல்ல பெயர் வேண்டும்.

போர்ட் லூயி, ஓய்வுபெற்ற இலக்கண ஆசிரியர்:

அம்மையீர், மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ‘பெருக்கு’ என்பதற்கு மிகுவி என்றும் பொருள். துடைப்பத்தால் கூட்டு என்றும் பொருள். வெற்றிடம், குழாய், பெருக்கி மூன்றும் ஒரு தொடரில் வந்தால் இரண்டாம் பொருளே முந்திக்கொள்ளும். இலங்கைப் பாடநூல்களின் ‘விரியலாக்கி’ இந்த இடரிலிருந்து தப்புகிறது; ஆயினும் அலையின் வீச்சம் உயர்வதை ‘விரிதல்’ எனலாமா என்பது தனி வழக்கு. குழாயைக் ‘குழல்’ ஆக்கினாலும் பயனில்லை. இசை மன்றத்தில் ‘குழல் பெருக்கி’ என்றால் புல்லாங்குழலுக்கு வைத்தது என்பார்கள். ‘குழல் விளக்கு’ ஏற்கெனவே கூரையில் எரிகிறது.

என் பரிந்துரை, அக்கண்ணாடிக் குமிழின் ஆங்கிலப் பெயரைத் தழுவிய ‘வால்வுப் பெருக்கி’. வகரம் மொழிக்கு முதலாகும். லகர ஒற்றின் பின் வகரம் வருவது ‘கல்வி’, ‘செல்வம்’ போல இயல்பே. அதற்கும் மேலாக, ‘வால்’ என்பது வெண்மையும் தூய்மையும் குறிக்கும் பழஞ்சொல். வள்ளுவரின் ‘வாலறிவன்’ யாவரும் அறிந்தது. வெண்பல்லை ‘வாலெயிறு’ என்றார்கள். ‘வு’ தொழிற்பெயர் விகுதி. எனவே தூய்மையாய் ஒளிர்வது வால்வு என்று இதனைத் தமிழ்ச் சொல்லாகவே கொள்ள இடமுண்டு.

டர்பன், மின்பொறியாளர்:

ஐயா, அந்தக் குமிழை உருவாக்கிய ஆங்கிலேயப் பொறியாளர் பிளெமிங் 1904இல் அந்தப் பெயரைச் சூட்டியபோது திருக்குறளைப் புரட்டியிருக்க மாட்டார். மின்னோட்டத்தை ஒரு திசையில் விட்டு மறுதிசையில் தடுத்ததால், நீர்க்குழாயில் உள்ள உறுப்பின் பெயரை அதற்கு இட்டார். 1906இல் அமெரிக்கர் டி பாரஸ்ட் மூன்றாவது மின்முனையைச் சேர்த்த பிறகே அது பெருக்கும் கருவியாயிற்று. அப்போதே ‘ஒருவழி’ என்னும் பொருள் தளர்ந்துவிட்டது. ஆனாலும் தென்னாப்பிரிக்காவில் நாங்கள் வால்வு என்றே சொல்லி வளர்ந்தோம். தமிழ்நாட்டிலும் ‘வால்வு ரேடியோ’ பழகிய வழக்கு. சொற்பிறப்பு எப்படிப் போனாலும் என் வாக்கு அதற்கே.

குவாத்ர் போர்ன், வானொலி பழுதுபார்ப்பவர்:

பெரியவர்கள் பொறுத்தருள்க. என் கடைக்கு வந்த எவரும் வால்வு என்று சொல்லிக் கேட்டதில்லை. மொரீசியசில் பிரெஞ்சிலும் கிரியோலிலும் அது ‘லாம்ப்’. பெருக்கி ‘ஆம்ப்ளி ஆ லாம்ப்’. கையேட்டைப் படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் பேசி, தமிழைப் பள்ளியில் பாடமாகப் படித்தவர்கள். ‘விளக்குப் பெருக்கி’ என்று எழுதினால் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படாது. இது பிரெஞ்சின் நிழல் மட்டுமன்று. எடிசன் 1880களில் மின்விளக்கினுள் கூடுதலாக ஒரு முனையை வைத்துப் பார்த்தபோது வெற்றிடத்தினூடே மின்னோட்டம் பாய்ந்தது. பிளெமிங்கின் கருவி அந்த விளக்கின் வழித்தோன்றல். இன்றும் ஈசிசி83 என்னும் வகைக் குமிழ் ஒன்றை உற்றுப் பாருங்கள். 6.3 வோல்ட்டில் சூடேறும் இழை, அதைப் போர்த்திய எதிர்முனை, அதைச் சுற்றி மயிரிழைக் கம்பியால் பின்னிய கிராதி, எல்லாவற்றுக்கும் வெளியே சாம்பல் நிறத் தகடு. இழை செம்மஞ்சளாகக் கனன்ற பிறகுதான் பாட்டு வரும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ‘விளக்கின் ஒலி இனிது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 300பி என்னும் வகைக் குமிழ் ஒன்றைத் தனியே வைத்துக் கட்டிய பெருக்கி ஏறத்தாழ 8 வாட்தான் தரும். அது கூட்டும் திரிபில், அதாவது மூல ஒலியில் நேரும் மாற்றத்தில், பெரும்பங்கு இரண்டாம் சீரிசை: மூலத்தின் இருமடங்கு அதிர்வெண், அதாவது மேல் சட்சம். பாடுபவரின் குரலோடு அது பகைப்பதில்லை, குரல் சற்றுத் தடித்து நிறைவாகக் கேட்கும். டிரான்சிஸ்டர் வகை 100 வாட்டை எளிதில் தரும். வெளிவரும் அலையில் ஒரு பங்கை உள்ளே திருப்பி ஒப்பிடும் பின்னூட்டத்தால் அதன் திரிபு மிகக் குறைவு. எல்லை மீறினால் மட்டும் அலைமுகடு சட்டென வெட்டுப்பட்டு, சுரங்களோடு இணங்காத உயர் சீரிசைகள் கிளம்பும். அதன் வெளியீட்டு மின்மறுப்பு (வெளிமுனையில் மின்னோட்டத்துக்கு உள்ள தடை) குறைவாதலால் ஒலிபெருக்கியின் கூம்பை இறுக்கிப் பிடிக்கும்; தவிலின் அடி கெட்டியாக நிற்கும். நாதசுரக் கச்சேரிக்கு நான் டிரான்சிஸ்டரையே வைப்பேன், தனிக்குரலுக்கு விளக்கு.

போர்ட் லூயி:

தம்பி, ‘திரிபு’ என்றதால் ஒன்று கேட்கிறேன். புணர்ச்சி விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். இல்லாத மேல் சட்சம் வந்து சேர்வது தோன்றல். முகடு வெட்டுப்படுவது கெடுதல். இரண்டையும் திரிபில் அடக்குவது எந்த நூலுக்கு ஒக்கும்? பிரெஞ்சு வழக்கைத் தழுவித்தான் ஆக வேண்டுமாயின், லகரம் மொழிமுதல் ஆகாதாதலால் ‘இலாம்பு’ என்று எழுதுக. விளக்கு பூசையறையில் இருக்கட்டும்.

ரோஸ் ஹில்:

ஐயா, ‘இலாம்பு’வை என் பிள்ளைகள் ‘இலாபம்’ என்று படிப்பார்கள். மற்ற வகையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே?

மோக்கா, இயற்பியல் மாணவர்:

‘டிரான்சிஸ்டர்’ என்றால் என் பாட்டிக்குக் கையில் எடுத்துச் செல்லும் வானொலி. அதற்கான தமிழாக்கம் ‘திரிதடையம்’ 1947இல் பிறந்த அந்தக் கருவியின் மூலப் பெயரை நன்றாக ஏந்துகிறது. ஆனால் விளக்கின் பக்கத்தில் வைத்தால் திரி இல்லாதது விளக்கு, திரி உள்ளதில் விளக்கில்லை என்று ஆகிவிடும். டிரான்சிஸ்டர் செய்யும் பொருளின் பெயரால் ‘குறைக்கடத்திப் பெருக்கி’ என்றால், குறையுள்ளது என்று எண்ணி ஒருவரும் வாங்கமாட்டார். மின்னணுக்கள் திண்மத்துக்குள்ளேயே ஓடுவதால் ‘திண்மநிலைப் பெருக்கி’ போதும்.

ரோஸ் ஹில்:

நன்றி. கையேட்டைப் படிக்கப்போகிறவர்களுக்கு விளக்கே எளிதில் விளங்கும் என்பதாலும், நாளை வெள்ளிக்கிழமை என்பதாலும், ‘விளக்குப் பெருக்கி’, ‘திண்மநிலைப் பெருக்கி’ என்றே அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்தில் ஒருமுறை ‘வால்வு’ என்றும் குறித்திருக்கிறேன், டர்பன் ஐயாவுக்காக.

போர்ட் லூயி:

உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்க. ‘விளக்கு’ போல வல்லின ஒற்றை அடுத்த உகரத்தில் முடியும் வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் பகர ஒற்று கட்டாயம் மிக வேண்டும். அச்சகத்தார் அதை விழுங்கினால் விளக்கைக் கூட்டித் துடைப்பவர் என்று பொருள்படும். மேலும், ஒலியைப் பெருக்காத கூம்பை ‘ஒலிபெருக்கி’ என்றும், பெருக்கும் கருவியை வெறும் ‘பெருக்கி’ என்றும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதற்குத் தனி மடல் தொடங்குகிறேன்.