ஏழு மாதமாக வராத பில் தொகையும் ஏழு மாதமாகக் கையெழுத்தாகாத பதிவேடும்: பொறுப்பு யாருடையது?

தென்றல்மொழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஓர் அரசு மருத்துவமனையில் ஜெனரேட்டர்களையும் நீரேற்று மோட்டார்களையும் பராமரிக்கும் ஒப்பந்தத்தை எங்கள் சிறு நிறுவனம் எடுத்திருக்கிறது. என்னையும் சேர்த்துப் பதினொரு பேர் வேலை செய்கிறோம். மாதம் முடிந்ததும் பில் கொடுக்க வேண்டும், அவர்கள் சரிபார்த்துப் பணம் வழங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கடந்த ஏழு மாதங்களில் ஒரு பில் கூடப் பாஸ் ஆகவில்லை. பொறியியல் பிரிவில் கேட்டால் கணக்குப் பிரிவைக் கைகாட்டுகிறார்கள். கணக்குப் பிரிவில் கேட்டால், பணி திருப்திகரம் என்ற சான்று இன்னும் வரவில்லை என்கிறார்கள். சான்று கேட்டு மறுபடியும் பொறியியல் பிரிவுக்குப் போனால், ஒதுக்கீடு வரட்டும், எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று அனுப்பிவிடுகிறார்கள்.

பணத்தைவிட என்னை அதிகமாகக் கலங்க வைப்பது வேறொன்று. ஜெனரேட்டர் அறையில் ஒரு பராமரிப்புப் பதிவேடு இருக்கிறது. தேதி, டீசல் அளவு, எண்ணெய் மட்டம், பேட்டரி வோல்ட்டேஜ், ஓடிய நேரம் ஆகியவற்றை எங்கள் ஆள் தினமும் காலையில் அதில் எழுதுகிறார். கடைசிக் கட்டத்தில் ‘ஆய்வு செய்த அலுவலரின் கையொப்பம்’ என்று அச்சிட்டிருக்கிறது. சென்ற வாரம் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஏழு மாதங்களாக அந்தக் கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறுமையாகவே இருந்தது. அறுவை சிகிச்சை அரங்குக்கு மின்சாரம் தரும் இயந்திரத்தை நாங்கள் ஒழுங்காகக் கவனிக்கிறோமா என்று ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை. நாங்கள் கவனித்துத்தான் வருகிறோம். ஆனால் கவனிக்காமல் விட்டிருந்தாலும் எவருக்கும் தெரிந்திருக்காது என்பதை நினைத்தால் இரவில் தூக்கம் வருவதில்லை.

இப்போது வடிகட்டிகளை மாற்ற வேண்டிய நாள் நெருங்குகிறது; உதிரிபாகம் தருபவர் இனிக் கடன் தர முடியாது என்று சொல்லிவிட்டார். வேலையை நிறுத்தினால் நோயாளிகளுக்கு ஆபத்து. தொடர்ந்தால் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. பணம் தராததற்கு யார் பொறுப்பு, மேற்பார்வை செய்யாததற்கு யார் பொறுப்பு, இரண்டும் தனித்தனிக் குறைகள்தானா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய தணிக்கையாளர் (பதில்)

சகோதரி, உங்கள் கேள்விக்கான விடை அந்த வெற்றுக் கட்டத்திலேயே இருக்கிறது. இருபத்தாறு ஆண்டுகள் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் இரண்டு குறைகளாகப் பார்ப்பது ஒரே குறைதான். பார்த்தவர்தான் சான்று தர முடியும். சான்று இருந்தால்தான் பில் நகரும். ஆகவே, யாரும் வந்து பார்க்காத இடத்தில் பில் தானாகவே நின்றுவிடுகிறது. வெளியில் இருப்பவர்களுக்கு இது பணத் தட்டுப்பாடு போலத் தெரிகிறது. கோப்பைப் பிரித்துப் பார்த்தால், பல இடங்களில், பணம் கொடுக்க வேண்டிய நாள் எது என்பதே தொடங்காமல் கிடக்கும்.

பணம் தர முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் என்று சட்டம் கெடு விதித்தாலும், அந்தக் கெடு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்றால், ஏற்றுக்கொள்ளாமல் காலம் கடத்தும் அலுவலகம் ஒருபோதும் தாமதம் செய்ததாகாது. இந்த ஓட்டையை அடைக்கவே பல நாடுகள் தனியாக விதி எழுதியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் கொண்டுவந்த தாமதக் கொடுப்பனவு நெறிமுறை, அரசு அமைப்புகள் பொதுவாக 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சொல்வதோடு நிற்காமல், வெளிப்படையாக வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, சரிபார்ப்பு நடைமுறையும் 30 நாளுக்குள் முடிய வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால் வேலை ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் 1982ஆம் ஆண்டு உடனடிக் கொடுப்பனவுச் சட்டத்தின் கீழ், ஒப்பந்தம் வேறு காலம் குறிக்காத நிலையில், ஒப்படைத்த ஏழாம் நாளில் வேலை ஏற்கப்பட்டதாகக் கொண்டு வட்டியைக் கணக்கிடுகிறார்கள். பில்லில் பிழை இருந்தால், காரணத்தைக் குறிப்பிட்டு ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டியதும் அலுவலகத்தின் கடமை.

அந்த அமெரிக்கச் சட்டத்தில் நான் பெரிதாக மதிக்கும் ஏற்பாடு இன்னொன்று உண்டு. தாமத வட்டியை ஒப்பந்ததாரர் கேட்காமலேயே தர வேண்டும். அதுவும் அந்தத் திட்டத்துக்கென ஒதுக்கிய நிதியிலிருந்தே தர வேண்டும். தாமதத்தின் செலவு தாமதித்தவருடைய வரவு செலவிலேயே வந்து விழுவதால், அந்த அலுவலகத்தின் தலைவர் அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். வட்டியைப் பொதுக் கருவூலத்தின் தலையில் கட்டிவிடும் இடங்களில் எவருக்கும் வலிப்பதில்லை.

‘நிதி இல்லை’ என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். 2020 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் இத்தாலிக்கு எதிரான வழக்கில், கெடுவைச் சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்தால் மட்டும் போதாது, அரசு அமைப்புகள் அந்தக் கெடுவுக்குள் உண்மையில் பணம் தருவதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. போர்ச்சுகல் 2012இல் இன்னும் ஒரு படி முன்னால் போய், கையில் நிதி இருப்பதை உறுதி செய்து அதற்கான எண்ணைக் குறிப்பிடாமல் எந்த அலுவலகமும் பணி ஆணை தரக் கூடாது என்று சட்டம் இயற்றியது. பணம் இல்லாதபோது வேலை வாங்குவது, கேட்காமல் கடன் வாங்குவதற்குச் சமம். அந்தக் கடனை இப்போது உங்கள் பதினொரு பேரின் குடும்பங்கள் சுமக்கின்றன.

இனி செய்ய வேண்டியது: பதிவேட்டின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுங்கள். ஒவ்வொரு பில்லும் எந்த நாளில் கொடுக்கப்பட்டது, யார் பெற்றுக்கொண்டார், பிறகு என்ன பதில் வந்தது என்பதை ஒரே தாளில் எழுதுங்கள். கடிதத்தில் முதல் வேண்டுகோள் பணமாக இருக்க வேண்டாம். ‘குறிப்பிட்ட தேதிக்குள் வந்து ஆய்வு செய்து, குறை இருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள்’ என்று கேளுங்கள். ஆய்வுக்கு வாருங்கள் என்று அழைக்கும் ஒப்பந்ததாரரை மறுப்பதற்கு எந்த அலுவலரிடமும் காரணம் இருக்காது. கடிதத்தின் நகலை உள்தணிக்கைப் பிரிவுக்கும் அனுப்புங்கள்.

களப்பொறியாளர் (பதில்)

கையெழுத்திடும் பக்கத்தில் இருப்பவன் நான் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சான்றில் கையெழுத்திட்ட பிறகு வேலையில் குறை தெரியவந்தால், தணிக்கையில் முதலில் என் பெயர்தான் வரும். கையெழுத்திடாமல் காலம் கடத்தினால் எவரும் என்னைக் கேட்பதில்லை. தாமதிப்பவருக்குப் பாதுகாப்பும் கையெழுத்திடுபவருக்கு ஆபத்தும் இருக்கும்படி அமைத்துவிட்டு, அலுவலர்கள் சோம்பேறிகள் என்று சொல்வது நியாயம் ஆகாது. எங்கள் பிரிவில் இரண்டு பேர் பதினான்கு கட்டடங்களைப் பார்த்துக்கொள்கிறோம்.

விரைவாகப் பணம் கொடுப்பதே பொறுப்புடைமை என்ற எண்ணமும் ஆபத்தானது. பிரிட்டனில் ஜி4எஸ், செர்கோ ஆகிய நிறுவனங்கள் குற்றவாளிகளுக்கு மின்னணுக் கண்காணிப்புப் பட்டை அணிவித்துக் கண்காணிக்கும் அரசு ஒப்பந்தத்தை எடுத்திருந்தன. சிறைக்குத் திரும்பிவிட்டவர்கள், நாட்டை விட்டு வெளியேறியவர்கள், இறந்துபோனவர்கள் ஆகியோரைக் கண்காணித்ததாகவும் அரசிடம் கட்டணம் வாங்கப்பட்டிருந்தது 2013இல் வெளிப்பட்டது. இரண்டு நிறுவனங்களும் கோடிக்கணக்கான பவுண்டுகளைத் திருப்பிக் கொடுத்தன. அங்கே பில்லுக்குத் தடை ஏதும் இல்லை. பில்லில் இருக்கும் எண்ணிக்கையைக் களத்தில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

எனவே மேற்பார்வைக்கு ஆளும் நேரமும் ஒதுக்காமல் கெடுவை மட்டும் இறுக்கினால், பார்க்காமலே கையெழுத்திடும் பழக்கம்தான் வளரும். சகோதரியின் பணம் வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

துணை ஒப்பந்தக்காரர் (பதில்)

மேலே இருவரும் அரசுக்கும் முதல் ஒப்பந்ததாரருக்கும் இடையில் நடப்பதைப் பேசினார்கள். அதற்குக் கீழே நாங்கள் இருக்கிறோம். வர்ணம் பூசும் வேலை செய்பவன் நான். ஒரு பொதுக் கட்டடத்தில் வேலையை முடித்து, மிச்சமிருந்த வர்ண வாளிகளையும் திருப்பிக் கொடுத்த பிறகு, பிரதான ஒப்பந்ததாரர் எட்டு மாதம் இழுத்தடித்தார். அரசிடமிருந்து பணம் வரவில்லை என்றே ஒவ்வொரு முறையும் சொன்னார். அரசு அவருக்கு மூன்றாம் மாதமே பணம் கொடுத்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கூலி கேட்டு வந்தவர்களுக்கு என் மனைவியின் வளையலை விற்றுக் கொடுத்தேன். அந்த அலுவலகத்தில் போய் முறையிட்டபோது, உங்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தம் இல்லையே என்றார்கள். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தச் சுவரில் வர்ணம் பூசியது நான்தானே.

கரிலியன் நிறுவனத்தின் கதையை விவரம் தெரிந்த ஒருவர் எனக்குச் சொன்ன பிறகு தேடித்தேடிப் படித்தேன். மருத்துவமனை கட்டுவது முதல் பள்ளிகளில் உணவு தருவது, சிறைகளைப் பராமரிப்பது வரை பிரிட்டிஷ் பொதுத்துறையில் ஏறத்தாழ 420 ஒப்பந்தங்களை வைத்திருந்த நிறுவனம் அது. தனக்குக் கீழே இருப்பவர்களுக்கு விரைந்து பணம் தருவதாக உறுதியளிக்கும் நெறியில் கையெழுத்திட்டிருந்தும், 120 நாள் கெடுவை அவர்கள் மேல் சுமத்தியது. 2017 ஜூலையில் லாபம் குறையும் என்று அதுவே எச்சரிக்கை வெளியிட்டது. ஒரே வாரத்தில் அதிவேக ரயில் திட்டத்தின் பெரிய ஒப்பந்தம் அது பங்கேற்ற கூட்டு நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்டது. 2018 ஜனவரி 15 அன்று நிறுவனம் விழுந்தபோது, பொருள் வழங்குநர்கள், துணை ஒப்பந்தக்காரர்கள் என்று சுமார் 30,000 பேருக்கு அது பாக்கி வைத்திருந்தது. லிவர்பூலில் பாதியில் நின்ற ராயல் மருத்துவமனைக் கட்டடம் 2022இல்தான் திறக்கப்பட்டது. அரசு கொடுத்த பணம் கீழே போய்ச் சேர்கிறதா என்று முன்பே பார்த்திருந்தால், நிறுவனம் தள்ளாடுவது அந்த 120 நாளிலேயே தெரிந்திருக்கும் என்பது என் கருத்து. பணம் தங்குமிடத்தில்தான் நோய் முதலில் தெரியும்.

அதன் பிறகு, 2019 செப்டம்பர் முதல், பெரிய அரசு ஒப்பந்தம் கேட்கும் நிறுவனம் தனக்குக் கீழே இருப்பவர்களுக்கு உரிய காலத்தில் பணம் தருவதைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் போட்டியிலிருந்து விலக்கப்படலாம் என்று அங்கே விதி வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டியது இதுதான். முதல் ஒப்பந்ததாரரின் அடுத்த பில்லோடு, முந்தைய பில்லில் எங்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததற்கான ரசீதும் இருக்க வேண்டும்.

பழைய தணிக்கையாளர் (பதில்)

களப்பொறியாளர் சொன்னதை மறுக்க மாட்டேன். நான் எழுதிய தணிக்கைக் குறிப்புகளிலும், தவறாகக் கையெழுத்திட்டவர்களைப் பற்றிய பத்திகள் நிறைய இருக்கும். கையெழுத்திடாமலே விட்டவர்களைப் பற்றிய பத்திகளைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அது எங்கள் தவறு. ஒவ்வொரு பில்லும் எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்ற பட்டியலைத் தணிக்கை கேட்டிருந்தால், அலுவலர்களின் அச்சம் இரண்டு பக்கமும் சமமாகியிருக்கும். இரண்டு பேருக்குப் பதினான்கு கட்டடம் என்பதையும் நீங்கள் மேலிடத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்திருந்தால் அந்தப் பொறுப்பு உங்களிடமிருந்து மேலே போயிருக்கும்.

வர்ணம் பூசும் நண்பருக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் 1988இல் செய்த திருத்தத்தின்படி, கட்டுமானப் பணியில் அரசுப் பணம் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் முதல் ஒப்பந்ததாரர் கீழே உள்ளவர்களுக்குப் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்திலேயே அந்த விதி எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்களுக்கு நேர்ந்ததை ‘எங்களுக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் இல்லை’ என்று சொல்லித் தட்டிக்கழித்திருக்கக் கூடாது.

தென்றல்மொழி (ஆறு வாரம் கழித்து)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆய்வுக்கு வரச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். பதிவேட்டின் நகலை இணைத்து, பில்களின் தேதிகளை ஒரே தாளில் எழுதி, உள்தணிக்கைப் பிரிவுக்கும் அனுப்பினேன். வட்டி கேட்டால் அடுத்த முறை ஒப்பந்தப்புள்ளியில் பழிவாங்குவார்களோ என்ற பயத்தால் அதை இப்போதைக்குக் கேட்கவில்லை. உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி மட்டும் சேர்த்தேன்.

பதினெட்டாம் நாள் ஓர் இளநிலைப் பொறியாளர் வந்தார். ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றார். இரண்டாம் ஜெனரேட்டரின் பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்த துருவைக் காட்டி, மூன்று நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். அது எங்கள் கவனக்குறைவுதான். எங்கள் ஆள் அன்று மாலையே முனையைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவினார். ஏழு பில்களில் மூன்றுக்குப் பணம் வந்துவிட்டது; வடிகட்டிகளை வாங்கி மாற்றிவிட்டோம். மீதி நான்கு பில்கள் கணக்குப் பிரிவில் யாருடைய மேசையில் இருக்கின்றன என்று தேதியோடு எழுதித் தரும்படி நேற்று இன்னொரு கடிதம் கொடுத்திருக்கிறேன்.